ஓர் அடிக்குறிப்புடன் ஆதரவு

ஒரு காரியத்தைக் கெடுக்க வேண்டுமென்றால் அதை எதிர்க்க வேண்டும் என்று நினைப்பவர்கள் அனுபவம் போதாதவர்கள். எதிர்ப்பவரைச் சமாளித்துவிடலாம். அவரோடு சண்டை போடலாம், மதியச் சாப்பாட்டுக்கு அழைத்துப் போகலாம், என்னதான் வேண்டும் என்று கேட்டு அதில் பாதியைக் கொடுத்து அனுப்பலாம். ஆதரிப்பவரை என்ன செய்வீர்கள்? இன்று நான் உங்களுக்கு அறிமுகப்படுத்தப்போகும் ஆசாமி எல்லாவற்றையும் ஆதரிப்பவர். கொள்கையளவில் ஆதரிப்பவர் என்பது இந்த இனத்தின் முழுப் பெயர். பிரஸ்ஸல்ஸில் மழைக்கு அடுத்தபடியாகத் தாராளமாகக் கிடைப்பது இவர்கள்தான்.

பத்தொன்பது வருடங்களாக இவர்களை மிக அருகில் உட்கார்ந்து பார்த்து வருகிறேன். ஐரோப்பிய நாடுகள் தங்கள் ராணுவங்களுக்கு வேண்டிய சாமான்களை ஆளுக்கொரு மூலையில் வாங்கிக்கொண்டிருக்காமல், எல்லை பார்க்காமல், ஒரே சந்தையாக வாங்கவும் விற்கவும் வேண்டும் என்பதற்காகக் கூடுகிற கமிட்டி ஒன்றில் நடவடிக்கைக் குறிப்பு எழுதுவது என் வேலை. மேசையின் கோடியில், மூக்குக் கண்ணாடியைத் தலைக்கு ஏற்றிக்கொண்டு எழுதும் ஜோசியான் என்ற பெண் நான்தான். இத்தனை வருடத்தில் ஒரே சந்தை வேண்டாம் என்று ஒருவர் சொல்லி நான் எழுதியதே இல்லை. இருபத்தேழு நாடுகளும் வேண்டும் என்கின்றன. அப்படியும் ஒரு நாட்டின் சிலிண்டர் இன்னொரு நாட்டின் குழாயில் பொருந்தாது.

உதாரணத்துக்கு ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஒத்மார் கிரெஸல் என்று வைத்துக்கொள்ளுங்கள், பெயரை மாற்றியிருக்கிறேன். எந்த நாட்டுப் பிரதிநிதி என்று சொல்வதாக இல்லை. சொன்னால் மற்ற இருபத்தாறு நாட்டுக்காரர்களும் ‘அதானே பார்த்தோம்’ என்று நிம்மதியாகத் தூங்கப் போய்விடுவார்கள். நல்ல மனிதர். கோள் சொல்லமாட்டார், குரலை உயர்த்தமாட்டார். கமிட்டியில் யாருக்குப் பிறந்தநாள் வந்தாலும் கேக் வாங்கிக்கொண்டு வருவது அவர்தான். அவர் கெட்டவராக இருந்திருந்தால் என் வேலை எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

அவர் பேசத் தொடங்குவதைப் பார்க்க வேண்டும். மைக்கின் சிவப்பு விளக்கு எரிந்ததும் கோட்டின் நடுப் பொத்தானைப் போடுவார், தலைவருக்கு நன்றி சொல்வார், போன தலைவருக்கு நன்றி சொல்வார், கண்ணாடிக் கூண்டுக்குள் இருக்கும் மொழிபெயர்ப்பாளர்களைத் திரும்பிப் பார்த்து ஒரு புன்னகை செய்வார், தன் நாடு ஐரோப்பிய ஒற்றுமையின் தொட்டிலை ஆட்டிய நாடுகளில் ஒன்று என்பார், தன் தகப்பனார் பாலாடைக்கட்டி வாங்க எல்லை தாண்டியபோது கார் டிக்கியைத் திறந்து காட்டச் சொன்ன கதையைச் சொல்வார், அந்தக் காலம் போனதில் தனக்குள்ள மகிழ்ச்சியைச் சொல்வார், இந்த யோசனையை முழு மனதோடு ஆதரிப்பதாகச் சொல்வார், அங்கே ஒரு மூச்சு எடுப்பார். அந்த மூச்சுதான் ஆபத்து. இந்த இனத்தார் ‘ஆனால்’ என்ற சொல்லைப் பயன்படுத்துவதில்லை, அது முரட்டுத்தனம். ‘அதே சமயம்’ என்பார்கள். ‘குறையாகச் சொல்லவில்லை’ என்பார்கள். ‘ஒரு சின்னத் தெளிவுக்காக மட்டும்’ என்பார்கள்.

அந்தச் சின்னத் தெளிவு என்னவென்று கேட்கிறீர்களா? ஒரே சந்தை வரட்டும், அதில் எல்லோரும் மிகச் சிறந்த சரக்கையே வாங்கட்டும். மிகச் சிறந்த சரக்கு அவருடைய நாட்டில், அவர் பிறந்த பள்ளத்தாக்கில் உள்ள தொழிற்சாலையில் ஏற்கெனவே தயாராகிறது. இதை அவர் தந்திரமாகச் சொல்லவில்லை, மனதார நம்புகிறார். எதிரே உட்கார்ந்திருப்பவரும் தன் பள்ளத்தாக்கைப் பற்றி அதையே மனதார நம்புகிறார். ஒரு முறை பூட்ஸுக்காக இரண்டு வருடம் உட்கார்ந்தோம். ஒரு நாட்டில் சோதித்துச் சான்று கொடுத்த பூட்ஸை அடுத்த நாட்டில் மறுபடி ஏன் சோதிக்க வேண்டும் என்பது கேள்வி.

“எங்க சேறு வேற மாதிரி,” என்றார் ஒத்மார்.

ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. இன்னும் ஒன்பது நாடுகள் தங்கள் சேறும் வேறு மாதிரிதான் என்று பதிவு செய்யச் சொன்னார்கள். பதிவு செய்தேன்.

மார்ச் மாதத்தில் தீயு ராந்த்மா என்ற அம்மாள் கமிட்டிக்கு வந்தார். எஸ்டோனியாவில் மூன்று நாட்டுப் படைகள் சேர்ந்து நடத்தும் கள மருத்துவமனையில் தலைமை நர்ஸ். கட்டையாக வெட்டிய நரைமுடி, கையில் ஒரு துணிப்பை. யாருக்கும் நன்றி சொல்லாமல் பையிலிருந்து மூன்று பித்தளை முனைகளை எடுத்து மேசைமேல் வைத்தார். ஆக்சிஜன் சிலிண்டரையும் நோயாளிக்குப் போகும் குழாயையும் சேர்க்கிற முனைகள். ஒன்றின் வாய் வட்டம், இன்னொன்றுக்கு ஆறு பக்கம், மூன்றாவதை இடப்பக்கமாகத் திருக வேண்டும்.

“மூணு நாடும் ஆக்சிஜன் கொண்டு வருது. மூணுலயும் ஒரே காத்துதான் சார். இதுதான் வேற வேற,” என்றார். “போன அக்டோபர்ல பயிற்சி நடக்கும்போது ஒரு வண்டி தீப்பிடிச்சுது. லியாண்டர்னு ஒரு வீரன், இருபத்திரண்டு வயசு, புகையைக் குடிச்சுட்டான். கட்டில்கிட்டயே ஆறு சிலிண்டர், ஆறும் ரொம்பி இருந்துச்சு. அந்தக் கட்டில் குழாய்ல ஒண்ணுகூட மாட்டல. இடையில போடற துண்டைத் தேடி எடுத்துட்டு வர பதினோரு நிமிஷம் ஆச்சு. அதுவரைக்கும் நாங்க அவன் முகத்துல வெச்ச மூச்சுப் பையைக் கையாலதான் அமுக்கிட்டு இருந்தோம்.”

முனைகளை ஒவ்வொன்றாகப் பைக்குள் போட்டபடியே தொடர்ந்தார்.

“பொழச்சுட்டான். இப்ப பேச வார்த்தையைத் தேடறான். அவங்கம்மா எனக்குப் போன் பண்ணினாங்க. நாய் பேர் மறந்துபோச்சாம், நாய் பக்கத்துல வந்து நின்னா அழுறானாம்.”

எழுதிக்கொண்டிருந்த என் கை நின்றுவிட்டது. இத்தனை வருடத்தில் இப்படி நடந்ததில்லை. எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது.

“எந்த நாட்டுப் பையன்?” என்று ஒத்மார் மெதுவாகக் கேட்டார்.

“உங்க நாடுதான் சார்.”

ஒத்மார் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். அவர் அழுதார். கமிட்டிகளில் பொய்யாகக் கலங்குகிற கண்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இது அப்படி இல்லை. கைக்குட்டை நனைந்துபோகும்வரை அழுதார். பிறகு மைக்கை அழுத்தினார், கோட்டுப் பொத்தானைப் போட மறந்துவிட்டார்.

“இதைக் கேட்டப்புறம் எனக்கு ஒரு சந்தேகமும் இல்ல மேடம். ஒரே முனைதான் இருக்கணும், உடனே இருக்கணும். இதுக்காகத்தான் நாங்க இருபது வருஷமா தலைபாடா அடிச்சுக்கறோம், எல்லாரும் எங்க முனையை எடுத்துக்கங்கன்னு.”

“உங்களுதோ அவங்களுதோ, எனக்கு எல்லாம் ஒண்ணுதான் சார். அவன் மூச்சு விடணும், அவ்வளவுதான். செப்டம்பர்ல அடுத்த படை வருது. அதுக்குள்ள ஏதோ ஒண்ணைச் சொல்லுங்க.”

அந்த அரையாண்டுக்குத் தலைவராக இருந்தவர் போர்ச்சுகல்காரி ஃபிலொமேனா. சிரிக்காமல் காரியம் முடிப்பவர். பொறியாளர்களைக் கூட்டி, மூன்று முனைகளையும் ஓரங்கட்டி, நான்காவதாக ஒன்றைத் தேர்ந்தெடுக்க வைத்தார். யாரும் ஜெயிக்கவில்லை என்பதால் யாரும் தோற்கவில்லை. எந்த நாட்டுத் தொழிற்சாலையும் அதைச் செய்யலாம், ஒரு நாட்டில் சோதித்தால் எல்லா நாட்டுக்கும் போதும், கூட்டு மருத்துவமனைகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே கொள்முதல். ஒத்மாரின் பள்ளத்தாக்குக்கும் அதில் வேலை இருந்தது. “அருமை,” என்றார் ஒத்மார். ஜூனில் எல்லோரும் “அருமை” என்றார்கள். நானே ஒரு கணம் ஏமாந்துபோனேன்.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கடைசி வாசகத்தை எல்லா நாட்டுக்கும் அனுப்பிவிட்டு ஒரு கெடு வைப்போம். அந்தக் கெடுவரை யாரும் எதுவும் எழுதாவிட்டால் வாசகம் நிறைவேறிவிட்டது. கை தூக்க வேண்டாம், கையெழுத்து வேண்டாம், சும்மா இருந்தால் போதும். எழுதுகிறவர்கள் எனக்கு எழுதுவார்கள். வந்ததை உடனே எல்லோருக்கும் அனுப்ப வேண்டியது என் கடமை. மனிதன் கண்டுபிடித்த நடைமுறைகளிலேயே சோம்பேறிகளுக்கு மிகவும் ஏற்றது இதுதான் என்று நினைத்திருந்தேன். கொள்கையளவில் ஆதரிப்பவருக்கு உலகத்திலேயே கஷ்டமான வேலை சும்மா இருப்பது என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை.

கெடு வியாழக்கிழமை மாலை ஐந்து மணி. நாலு மணிக்கு என் மின்னஞ்சல் பெட்டி காலியாக இருந்தது. நாலரைக்கும் காலி. மாடியில் பாதிப் பேர் பக்கத்திலுள்ள லக்சம்பர்க் சதுக்கத்துக்கு பீர் குடிக்கக் கிளம்பிவிட்டார்கள். நாலு ஐம்பத்தொன்றுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. ‘இந்த வாசகத்தை எங்கள் நாடு எவ்விதத் தயக்கமும் இன்றி முழு மனதோடு ஆதரிக்கிறது. இத்துறையில் எங்கள் நாடு ஆற்றியுள்ள நெடுங்காலப் பணியை ஓர் அடிக்குறிப்பில் நினைவுகூர்ந்தால் மகிழ்வோம். அன்புடன், ஒத்மார் கிரெஸல்.’

எல்லோருக்கும் அனுப்பினேன். நாலு ஐம்பத்தெட்டுக்குள் இன்னும் நான்கு நாடுகள் தங்கள் நெடுங்காலப் பணிக்கும் அடிக்குறிப்பு கேட்டன. இன்னொரு நாடு முதல் அடிக்குறிப்பை ஆட்சேபித்தது. வாசகம் விழுந்தது.

நானும் ஃபிலொமேனாவும் சதுக்கத்துக்குப் போனபோது ஒத்மார் கையில் கோப்பையோடு நின்றுகொண்டிருந்தார். செய்தி காதில் விழுந்ததும் முகம் சிவந்தது.

“யாரு அந்தப் புண்ணியவான்? கடைசி நிமிஷத்துல கெடுத்தது யாரு?”

“நீங்கதான்,” என்றார் ஃபிலொமேனா.

“நானா? நான் ஆதரிச்சுத்தானே எழுதினேன்?”

“ஆதரிக்கிறவங்க வாயை மூடிட்டு இருக்கணும் ஒத்மார். அந்த வழக்கமே அதுதான்.”

ஒத்மார் உண்மையாகவே குழம்பிப்போனார். “வாயை மூடிட்டு இருந்தா நாங்க ஆதரிச்சோம்னு யாருக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டார். அந்த இனத்தைப் பற்றி நான் எழுதக்கூடிய எல்லாம் இந்த ஒரு கேள்விக்குள் இருக்கிறது. சுற்றி நின்ற ஏழெட்டுப் பேரில் இரண்டு பேர், நியாயமான கேள்விதான் என்று தலையாட்டினார்கள்.

ஆறு மாதத்துக்கு ஒரு நாடு என்ற முறைப்படி ஜூலையில் தலைமை வேறு நாட்டுக்குப் போயிற்று. புதிய தலைவருக்கு வேறு அவசரங்கள். முனை விஷயத்தை முழு மனதோடு ஆதரிப்பதாகவும் நவம்பர் கூட்டத்தில் எடுத்துக்கொள்வதாகவும் சொன்னார். நவம்பருக்கு முன்னால் செப்டம்பர் வருகிறது என்று ஒருவரும் அவருக்கு எடுத்துச் சொல்லவில்லை. அது நாள்காட்டியிலேயே இருக்கிறது.

செப்டம்பர் இரண்டாம் வாரத்தில் தீயு எனக்குப் போன் செய்தார். புதுப் படை வந்து இறங்கிவிட்டது. சிலிண்டர்களுக்கும் குழாய்களுக்கும் மூன்று நிறத்தில் துணி கட்டி, கடிகாரம் வைத்து மாட்டிப் பழகச் சொல்லித் தன் ஆட்களைப் பாடாய்ப் படுத்துகிறாராம். பதினோரு நிமிடத்தை நாலாகக் குறைத்துவிட்டார்களாம்.

“நாலு நிமிஷம் நல்லதுதானே,” என்றேன்.

“நாலு நிமிஷம் நீங்க மூச்சைப் பிடிச்சுப் பாருங்க ஜோசியான்.”

அவரே தொடர்ந்தார்.

“ஒண்ணு கேக்கணும். அந்த மெயில் எத்தனை மணிக்கு வந்துச்சு?”

“நாலு அம்பத்தொண்ணு.”

“யாருக்கு வந்துச்சு?”

“எனக்கு.”

“உங்களுக்கு மட்டுமா?”

“ஆமா. நான் அனுப்பினாத்தான் மத்தவங்களுக்குப் போகும்.”

“ஒரு காபி குடிச்சுட்டு வந்து பார்த்திருக்கலாமே,” என்றார். குரலில் குற்றம் சாட்டுகிற தொனி இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். “ஒன்பது நிமிஷம்தானே. அவரும் உங்களைத் திட்டியிருக்க மாட்டாரு, ஆதரிச்சுத்தானே எழுதியிருந்தாரு.”

நான் சொன்னதை அப்படியே எழுதிவிடுகிறேன். குறிப்பெழுதுவதுதானே என் தொழில். “நீங்க சொல்றது ரொம்ப நியாயம் தீயு. நான் ஆரம்பத்திலேர்ந்து உங்க பக்கம்தான், அன்னைக்கு நான் அழுதது உங்களுக்கே தெரியும். நடைமுறைன்னு ஒண்ணு இருக்கு பாருங்க, அதை நானே மீறினா…”

மறுமுனையில் அவர் கடைசிவரை பொறுமையாகக் கேட்டார். பிறகு, கூடாரத்தில் யாரோ கூப்பிடுகிறார்கள் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

நீங்கள் இந்நேரம் ஒத்மாரைப் பார்த்துச் சிரித்து முடித்திருப்பீர்கள், என்மேல் கொஞ்சம் கோபமாகவும் இருப்பீர்கள். உங்களையும் அந்த நாற்காலியில் உட்கார வைத்துப் பார்க்கிறேன். வியாழக்கிழமை, நாலு ஐம்பத்தொன்று, அறையில் வேறு யாரும் இல்லை, அனுப்பாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை, அனுப்பினால் யாரும் குறை சொல்லப்போவதில்லை. நானாக இருந்தால் அனுப்பியிருக்கவே மாட்டேன் என்று நீங்கள் சொல்வது கேட்கிறது. கொள்கையளவில் நானும் அனுப்பியிருக்க மாட்டேன்.