நுளம்பு வளர்த்த வழக்கு

வெளிநாட்டு விசாவுக்குக் காத்திருக்கும் பெண் எதையும் தொடங்கமாட்டாள். தொடங்கினாலும் முடிக்கமாட்டாள். இது என்னை வைத்தே நான் கண்டுபிடித்த உண்மை. கலியாணம் முடிந்து கணவர் கனடாவுக்குத் திரும்பிய நாளிலிருந்து தர்மபுரத்தில் எனக்கு ஒரே பெயர்தான்: ‘போகப்போற பிள்ளை.’ முன்பள்ளியில் படிப்பிக்கக் கேட்டுப் போனேன். “நீங்கள் போகப்போறனீங்கள்தானே” என்று தேநீர் தந்து அனுப்பிவிட்டார்கள். தையல் வகுப்பில் சேர்ந்தேன். சட்டைக்குக் கை வைக்கும் பாடம் வருவதற்குள் நானே நின்றுவிட்டேன் (போகப்போகிறவளுக்கு எதற்குக் கை?). முற்றத்தில் ஒரு மல்லிகைக் கன்று நடக்கூட மனம் வரவில்லை, பூக்கும்போது நான் இருக்கமாட்டேன் என்று. அன்றைக்கு நட்டிருந்தால் இன்றைக்குப் பந்தலே போட்டிருக்கலாம்.

வீட்டில் நானும் மாமியும் மட்டும். மாமிக்கு ஒரே மகன். அந்த ஒரே மகனைக் கட்டிக்கொண்டு, ஒரு மாதம்கூட முழுதாகச் சேர்ந்து வாழாமல் அனுப்பிவைத்தவள் நான். பிறகு எல்லாம் போனில்தான். எங்களுக்கு விடிந்து தேநீர் குடிக்கிற நேரம் அவர் வேலை முடிந்து அறைக்கு வருவார். மாமி முதலில் கொஞ்சம் கதைப்பார். பிறகு போனை என்னிடம் தந்துவிட்டுக் குசினிக்குள் போய்ச் சட்டிகளைச் சத்தமாக உருட்டுவார். தான் ஒட்டுக் கேட்கவில்லை என்பது எனக்குத் தெரிய வேண்டுமாம்.

ஒருநாள் அவர் போனைத் திருப்பி, மேசையில் இருந்த கண்ணாடித் தொட்டியைக் காட்டினார். உள்ளே நீல நிறத்தில் ஒரு ஃபைட்டர் மீன், சேலை முந்தானை போல வாலை விரித்துக்கொண்டு நின்றது.

“வேலையாலை வந்து கதவைத் திறந்தால், என்னைப் பாத்து ஓடிவாற ஒரே சீவன் இதுதான்” என்றார்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அன்று முழுவதும் நான் அந்த மீனின் மேல் பொறாமையில் வெந்துகொண்டிருந்தேன். நான் இருக்க வேண்டிய அறையில் அது இருந்தது. பொறாமை தணியாததால் வவுனியாவுக்குப் பஸ் ஏறினேன். பஸ் நிலையத்துக்குக் கிட்ட இருந்த மீன் கடையில் அதே நீலத்தில் ஒன்றைத் தேடிப் பிடித்தேன். “இதைத் தனியத்தான் வைக்கவேணும் தங்கச்சி, சோடி சேர்த்தால் சண்டை பிடிச்சுச் செத்துப்போம்” என்றார் கடைக்காரர். எங்கள் வீட்டுக்கு ஏற்ற மீன் என்று நினைத்துக்கொண்டேன். இறங்கவேண்டிய பரந்தன் வரைக்கும் அந்தப் பொலித்தீன் பையை மடியில் வைத்து, பஸ் குலுங்கும்போதெல்லாம் இரண்டு கையாலும் ஏந்திப் பிடித்துக்கொண்டு வந்தேன். பக்கத்தில் இருந்த அம்மா ஒருவர் அதற்குச் சாப்பாடு கொடுத்தாயிற்றா என்றுகூடக் கேட்டார்.

முதல் மீன் அன்று பின்னேரமே செத்தது. தொட்டியைச் சுத்தமாக இருக்கட்டும் என்று சலவைத் தூள் போட்டுத் தேய்த்திருந்தேன். இரண்டாவதற்குச் சலவைத் தூள் இல்லை. ஆனால் தினமும் முழுத் தண்ணீரையும் வெளியே ஊற்றிவிட்டுக் கிணற்றுத் தண்ணீர் புதிதாக நிரப்பினேன். குளித்தால் நல்லதுதானே என்ற எண்ணம். அதுவும் போய்ச் சேர்ந்தது. கணவரிடம் மூச்சு விடவில்லை, ஒரே நிறம்தானே என்று அடுத்ததை வாங்கி விட்டேன். அவர் போனில் உற்றுப் பார்த்துவிட்டு, “உம்மடை மீன் வரவரச் சின்னனாகிக்கொண்டு போகுது” என்றார்.

“மீனுக்கு வாய் இருந்தால் எங்கடை வீட்டை வரமாட்டன் எண்டு சொல்லும்” என்றார் மாமி.

இந்த இடத்தில் நான் வழமைபோல் கைவிட்டிருக்க வேண்டும். விடாததற்குக் காரணம், போனில் மீன் வளர்ப்புச் சொல்லித்தரும் ஒரு தமிழ்நாட்டு அண்ணா. ஒவ்வொரு வீடியோவையும் “ஆரம்பத்துல எல்லாருக்கும் சாகும் நண்பர்களே, மனசைத் தளர விட்டுடாதீங்க” என்றுதான் முடிப்பார். அவர் மீனைத்தான் சொன்னார். நான் விசாவையும் சேர்த்து எடுத்துக்கொண்டேன். இன்னொரு காரணமும் உண்டு. காலையில் கணவர் தன் தொட்டிக்குப் பக்கத்திலும் நான் என் தொட்டிக்குப் பக்கத்திலும் இருந்து, இரண்டு நீல மீனையும் பார்த்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் இருப்போம். அந்தக் கொஞ்ச நேரம் மட்டும் நாங்கள் ஒரே அறையில் இருப்பதாக எனக்குத் தோன்றும். அதை விட எனக்கு மனமில்லை.

மூன்றாவது மீன் சாகவில்லை. ஆனால் சாப்பிடவும் இல்லை. கடைத் தீனியைப் போட்டால் வாயில் எடுத்து, என்னைப் பார்த்துத் துப்பும். வயிறு ஒட்டிப்போய் மூலையில் கிடந்தது. தமிழ்நாட்டு அண்ணாவிடம் இதற்கும் ஒரு வீடியோ இருந்தது: உயிருள்ள நுளம்புக் குடம்பி கொடுங்கள். (அவர் கொசு என்றார், அதே சனியன்தான்.) கிணற்றடியில் கிடந்த சிரட்டைத் தண்ணீரில் நெளிந்த நாலைந்து புழுவை வடித்துப் போட்டேன். செத்ததுபோல் கிடந்த மீன் பாய்ந்து வந்து பிடித்தது, வாலை விரித்தது, தொட்டியைச் சுற்றிச் சுற்றி ஓடியது. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. வாழ்க்கையில் முதல்தடவையாக நான் தொடங்கிய ஒன்று தின்றுகொண்டிருந்தது.

அதோடு விட்டிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை. கோழிக்கூட்டுக்குப் பின்னால் ஒரு கறுப்பு வாளியில் மழைத்தண்ணீர் பிடித்து, கொஞ்சம் வைக்கோல் போட்டு வைத்தேன். ஒரு வாளி இரண்டானது, இரண்டு வரிசையானது. அளவான பருவத்தில் அள்ளுவதற்காக ஒவ்வொரு வாளியிலும் கடுதாசி ஒட்டி, திங்கள், செவ்வாய், புதன் என்று வடிவான எழுத்தில் எழுதினேன். (பள்ளிக்கூடத்தில் என் கையெழுத்துக்குப் பரிசு கிடைத்தது. அது பயன்பட்ட இடம் இதுதான்.) மாமி கேட்டபோது, “மீனுக்குத் தண்ணி ஆறவிடுறன் மாமி” என்றேன். மீன் வளர்ப்பவர்கள் தண்ணீரை ஆறவிட்டுத்தான் ஊற்றுவார்கள், ஆகவே அது முழுப் பொய் இல்லை.

மாரி தொடங்கியது. பின்னேரமானால் வீட்டுக்குள் இருக்க முடியவில்லை.

“இந்த முறை நுளம்பு என்ன இப்பிடிக் கூடிப்போச்சு?” என்று காலைச் சொறிந்தபடி கேட்டார் மாமி.

“மழைதானே மாமி” என்றேன் நான், திங்கள் வாளியின் சொந்தக்காரி.

மாமி சும்மா இருக்கிற ஆள் இல்லை. அவர் எங்கள் ஊர் மாதர் சங்கத் தலைவி. அடுத்த கூட்டத்திலேயே எழுந்து, ஊரில் டெங்கு வரப்போகிறது, யாரோ பொறுப்பில்லாமல் தண்ணீர் தேக்கி வைத்திருக்கிறார்கள், வீடு வீடாய்ச் சோதிக்க வேண்டும் என்று பேசினார். பி.எச்.ஐ. என்று நாங்கள் சொல்லும் சுகாதாரப் பரிசோதகரைத் தானே போய் அழைத்தும் வந்தார். கூடவே ஒரு பொலிஸ்காரரும் வந்தார். எனக்கு அது எதுவும் தெரியாது. படலையைத் திறந்துகொண்டு மாமியின் குரல்தான் முதலில் வந்தது.

“முதல் எங்கடை வீட்டைப் பாருங்கோ ஐயா. தலைவி வீட்டை விட்டிட்டு மற்ற வீடுகளைப் பாத்தால் சனம் கதைக்கும்.”

மாமிக்குப் பின்னால் பி.எச்.ஐ. ஐயா, பொலிஸ்காரர், சங்கத்துப் பெண்கள், வேடிக்கை பார்க்க அயலவர்கள். நான் குடம்பி வடிக்கிற தேத்தண்ணி வடியைக் கையில் வைத்துக்கொண்டு கோழிக்கூட்டுக்கு முன்னால் நின்றேன். ஒளிக்க வேண்டியது வடியையா, வாளிகளையா, என்னையா என்று விளங்கவில்லை. ஐயா என்னைச் சுற்றிக்கொண்டு போய், குனிந்து, முதல் வாளிக்குள் லைட் அடித்துப் பார்த்தார். பிறகு கடுதாசியை வாசித்தார்.

“இதென்ன தங்கச்சி, திங்கள்?”

“அது… திங்கட்கிழமை வைச்சது ஐயா.”

“அப்ப வியாழன்?”

“வியாழன் இன்னும் பொரிக்கேல்லை” என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று இன்றுவரை தெரியாது. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிப் பழகிய வாய்.

பின்னால் நின்ற பெண்கள் யாரோ சிரித்தார்கள். ஐயா சிரிக்கவில்லை. என் பின்னால் கதவு வழியே தெரிந்த மீன்தொட்டியைப் பார்த்தார், வாளியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“நாங்கள் நுளம்பை ஒழிக்கிறதுக்கு மீன் வளருங்கோ எண்டு வீடு வீடாய்ச் சொல்லித் திரியிறம். நீங்கள் மீனுக்காக நுளம்பு வளர்க்கிறீங்கள்!”

பொலிஸ்காரர் கொப்பியை எடுத்து, “அடையாள அட்டையைக் கொண்டுவாங்கோ, வழக்குப் போடவேணும்” என்றார். அப்போதுதான் எனக்கு விசா ஞாபகம் வந்தது. விசாவுக்குப் பொலிஸ் ரிப்போட் கொடுக்க வேண்டும், என்மேல் எந்த வழக்கும் இல்லை என்று. அடுத்த மாதம் நான் அதற்கு விண்ணப்பிக்க இருந்தேன். வாளியில் நெளிகிற அந்தப் புழுக்கள் ஒவ்வொன்றும் என் விசாவைத் தின்பது போலத் தெரிந்தது. “ஐயா, என்ரை பேரை எழுதாதேங்கோ, எனக்கு அவரிட்டைப் போகவேணும்” என்று ஊர்முன்னே அழுதேன். வடியை மட்டும் கைவிடவில்லை.

சங்கத்துப் பெண்கள் எல்லோரும் மாமியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னுக்கு வந்தார்.

“வீட்டுக்காரி நான். வாளி என்ரை. நுளம்பு வளர்த்ததும் நான்தான். என்ரை பேரை எழுதுங்கோ.”

“அம்மா, நீங்கள்தானே எங்களைக் கூட்டிக்கொண்டு வந்தனீங்கள்?” என்றார் பி.எச்.ஐ. ஐயா.

“ஓம். மறந்துபோய்க் கூட்டிக்கொண்டு வந்திட்டன்.”

“இந்தத் திங்கள், செவ்வாய் ஆர் எழுதினது?”

“நான்தான் எழுதினனான்” என்றார் மாமி. மாமியின் கையெழுத்தை அந்த ஊரில் அறியாதவர் இல்லை. சங்கத்து அறிக்கையை அவர் எழுதினால் வாசிப்பதற்கு அவரையே கூப்பிட வேண்டும். ஐயா வடியும் கையுமாக நின்ற என்னைப் பார்த்தார். பிறகு பொலிஸ்காரரிடம், “வீட்டுக்காரற்றை பேரிலைதானே போடுறது? அம்மாவின்ரை பேரை எழுதுங்கோ” என்றார்.

மாமி பொங்கலுக்கு எடுத்த சேலையை உடுத்துக்கொண்டு நீதிமன்றம் போனார். நான் துணைக்குப் போனேன். குற்றவாளியா சுற்றவாளியா என்று கேட்டபோது, பின் வரிசை வாங்கில் இருந்தவர்களுக்கும் கேட்கும்படி “குற்றவாளி” என்றார். தண்டத்தைக் கட்டிவிட்டு வெளியே வந்து, நெல் விற்று வந்தவர் போல எனக்குத் தேநீர்க் கடையில் சாப்பிட ஒரு ரோல்ஸ் வாங்கித் தந்தார். பஸ்ஸில் நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். “போனிலை இதொண்டும் கதையாதை பிள்ளை, விசாக்காரர் கேப்பினம்” என்று வாயை அடைத்துவிட்டார். சங்கத் தலைமையை அவரே விட்டுக்கொடுத்தார். இன்றும் ஊரில் அவருக்குப் பட்டம் ‘நுளம்புத் தலைவி’தான்.

மீன் என்ன ஆனது என்று கேட்பீர்கள். வாளிகள் கவிழ்ந்த பிறகு கொஞ்சம் முறைத்துக்கொண்டு கிடந்தது. பிறகு பசி தாங்காமல் கடைத் தீனியை ‘லபக்’ என்று விழுங்கியது. அதன்பின் ஒருநாளும் துப்பவில்லை. கொஞ்சம் பட்டினி போட்டிருந்தாலே போதுமாயிருந்ததாம், தமிழ்நாட்டு அண்ணா அதை வேறொரு வீடியோவில் சொல்லியிருக்கிறார். நான் அதைப் பார்க்கவில்லை.

எனக்குப் பொலிஸ் ரிப்போட் சுத்தமாக வந்தது. அதை அனுப்பி முடித்த பிறகுதான் கணவருக்கு உண்மையைச் சொன்னேன். சிரித்துச் சிரித்து அவருக்கு இருமல் வந்துவிட்டது. அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவோ நாளாகியிருந்தது. கையை நீட்டினால் போனின் கண்ணாடிதான் பட்டது. விசா இன்னும் வரவில்லை. அவர் அங்கே விசாரித்துப் பார்த்ததில், என்னுடையது இழுபட்டாலும் அம்மாவைச் சும்மா பார்த்துவிட்டுப் போகக் கூப்பிடுவது லேசாம். அதனால் மாதத்துக்கு ஒருதரமாவது கேட்பார், “அம்மா, நீங்கள் முதல் வாங்கோவன்?”

மாமிக்கும் பதில் தயாராக இருக்கும். “நான் வழக்குக்காரி தம்பி. நுளம்பு வளர்த்தவளை உங்கை உள்ளுக்கு விடுவாங்களே? அவளைக் கூப்பிடு.” அந்தச் சின்னத் தண்டம் ஒரு தடையே இல்லை என்று கணவர் எத்தனையோ தரம் சொல்லிவிட்டார். மாமிக்கும் அது தெரியும். ஆனாலும் அதே பதில்தான். அங்கே அவர் சிரிப்பார், இங்கே நாங்கள் சிரிப்போம், எங்கள் குடும்பத்தில் இதைப்போல் ஓடின பகிடி வேறு இல்லை.

நேற்றுக் காலையும் அப்படித்தான் சிரித்து முடித்தோம். போனை வைத்தபிறகு குசினியில் சட்டி உருளும் சத்தம் வரவில்லை. போய்ப் பார்த்தேன். மாமி அடுப்பைப் பார்த்தபடி நின்றார்.

“அவன் மெலிஞ்சிட்டானோ பிள்ளை, இல்லாட்டி போன்தான் அப்பிடிக் காட்டுதோ?”

“போன்தான் மாமி” என்றேன்.