பெகோனியாவுக்குப் பதினான்கு குறிப்புகள்

காலையில் விழுந்தது ஏழாவது இலை. புரூஃப்காரர் அதைக் குனிந்து எடுத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முழுக்க மஞ்சள். நேற்று விழுந்த ஆறும் அப்படித்தான்.

அச்சகத்தில் முப்பத்தைந்து வருடம் பிழை திருத்தியவர் என்பதால் அந்தக் கட்டடத்தில் அவருக்கு அந்தப் பெயர். ஒரு கால்புள்ளிகூட அவர் கண்ணுக்குத் தப்பியதில்லை. ஆனால் இலை ஏன் மஞ்சளாகிறது என்பது எந்த அச்சுப் பிரதியிலும் அவருக்கு வரவில்லை.

பால்கனியின் நிழல் பக்கத்தில், கொக்கியில் மாட்டிய கூடையில் இருந்தது அந்தப் பெகோனியா. அவர் மனைவி கிழங்கிலிருந்து வளர்த்தது. தண்டுகள் கூடையின் விளிம்பைத் தாண்டி வழிந்து தொங்கும். நுனிக்கு நுனி ஆரஞ்சுப் பூ. அவள் போய் நான்கு மாதமாகிறது. போவதற்குமுன், படுக்கையில் இருந்தபடியே ஒரு முழுத் தாளில் பதினான்கு குறிப்புகள் எழுதி அவர் கையில் கொடுத்தாள்.

"வேற எதுவும் நான் கேக்கல. இதை மட்டும் சாக விட்ராதீங்க."

நேர் வெயில் ஆகாது. விரல் கணு அளவு மண் காய்ந்த பிறகே தண்ணீர். இலைமேல் தண்ணீர் படக் கூடாது. வாடிய பூவை அன்றைக்கே கிள்ளிவிட வேண்டும். இப்படிப் பதினான்கு. ஆறாவது குறிப்பில் ஓர் ஒற்று விட்டுப்போயிருந்தது. சிவப்புப் பேனாவைக் கையில் எடுத்தவர் மூடியைத் திறக்காமலே வைத்துவிட்டார். வாழ்நாளில் தெரிந்தே அவர் திருத்தாமல் விட்ட பிழை அது ஒன்றுதான்.

நான்கு மாதமாக அவர் வாசல் தாண்டவில்லை. பாலும் மளிகையும் கதவுக்கே வந்தன. துக்கம் விசாரிக்க வந்தவர்களும் இரண்டு தடவை மணி அடித்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். பேச்சுத் துணைக்குச் செடி இருந்தது. அதுவும் அவரைப் போலவே வாய் திறக்காத சாதி.

மஞ்சள் இலைக்கு எந்தக் குறிப்பும் இல்லை. தாளின் பின்பக்கத்தையும் பார்த்தார். வெறுமை. வாடினால் தாகமாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவுகட்டி, ஒரு குவளைக்குப் பதில் மூன்று குவளை ஊற்றினார்.

அரை மணி நேரத்தில் மணி அடித்தது. கீழ்த்தளத்துத் தையல்காரர், வெள்ளைக் கோட்டு ஒன்றைக் கைக்குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு நின்றார். தோள்பட்டையில் காப்பிநிறக் கறை.

"சார், உங்க பால்கனியில மட்டும் மழையா?"

"மன்னிச்சுக்குங்க. செடிக்குத் தண்ணி..."

"நாளைக்கு ஒருத்தர் இதைப் போட்டுக்கிட்டு மேடை ஏறணும்."

வேறு வழியில்லை. புரூஃப்காரர் கீழே இறங்கிப் போய், தையல்காரரின் குளியலறையில் உட்கார்ந்து கறையைத் தேய்த்தார். ஒருவர் சோப்புப் போட, ஒருவர் அலச, கோட்டு ஒருவழியாக வெளுத்தது. நன்றிக்கடனாகச் செடியைப் பார்க்கத் தையல்காரரும் மேலே வந்தார்.

"நிழல்லயே தொங்கினா மனுஷனே மஞ்சளாயிடுவான் சார். வெயில்ல வைங்க."

முதல் குறிப்புக்கு நேர் விரோதம். ஆனால் மேலும் நான்கு இலை விழுந்திருந்தது. முன்னறை ஜன்னலின் திரைக்கம்பியில் கூடையை மாட்டினார். மத்தியானத்துக்குள் இலையோரங்கள் அப்பளமாகப் பொரிந்தன. மூன்று மணிக்குத் திரைக்கம்பி சுவரிலிருந்து பெயர்ந்து, கூடையோடு சோபாவில் வந்து உட்கார்ந்தது.

சத்தம் கேட்டு மேல்தளத்து டீச்சர் இறங்கி வந்தார். பள்ளியில் வேதியியல் எடுப்பவர். இத்தனை வருடத்தில் மாடிப்படியில் தலையசைத்ததோடு சரி.

"சத்துக் குறைவுதான் இது. என்கிட்ட ரோஜாவுக்கு வாங்கின உரம் இருக்கு. ஒரு ஸ்பூன் போடுங்க."

"குவிச்சா, தட்டையா?"

டீச்சர் அவரை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். "நானே வந்து போடறேன்."

தட்டையாகத்தான் போட்டார். மூன்றாம் நாள் தண்டுகள் கணுக் கணுவாகக் கழன்று விழத் தொடங்கின. தையல்காரர் ஊசி நூலோடு ஓடிவந்து, தீக்குச்சிகளை வைத்துக் கட்டுப் போட்டார். கட்டு அப்படியே இருக்க, தண்டு மட்டும் உருவிக்கொண்டு கீழே விழுந்தது. கூடையைச் சுற்றி மூன்று பேரும் குனிந்து நின்றார்கள்.

இப்படி நின்றது புரூஃப்காரருக்கு ஞாபகம் வந்துவிட்டது. மனைவி படுத்திருந்த கட்டிலைச் சுற்றியும் இப்படித்தான் எல்லோரும் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். அன்றும் அவர் கையில் தாள்கள் இருந்தன, மருந்துச் சீட்டுகள். ஒரு வேளைகூடத் தவறாமல்தான் மருந்து கொடுத்தார். அதிலும் பலனில்லை.

சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதார். குழாய்ச் சத்தத்தில் வெளியே கேட்காது என்று நினைப்பு. சிறிது நேரம் கழித்து டீச்சர் உள்ளே வந்து குழாயை மூடினார்.

"அவங்க கிழங்கு வாங்கின நர்சரி எது, தெரியுமா?"

தெரியும். பஸ்ஸில் ஏழு நிறுத்தம். அன்றைக்கே கிளம்பினார். தையல்காரர் நிறுத்தம் வரை வந்து ஏற்றிவிட்டார்.

பஸ்ஸில் பக்கத்து இருக்கை அம்மா கேட்டார். "கூடையில என்னங்க?"

"ஒண்ணுமில்ல. மண்ணு."

"அப்ப கீழ வைக்கலாமே."

"வைக்க முடியாதும்மா."

 அந்த அம்மா தன் பையை நகர்த்தி அவருக்கு இன்னும் கொஞ்சம் இடம் விட்டார்.

நர்சரிக்காரம்மா பச்சை வலைப் பந்தலுக்குக் கீழே நாற்றுகளுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். கூடையைப் பார்த்ததும் யாருடையது என்று அவருக்குப் புரிந்துவிட்டது. ஈர மண்ணுக்குள் கைவிட்டுக் கிழங்கை வெளியே எடுத்தார். ஒரு பக்கம் கொழகொழவென்று அழுகி, நாற்றம் அடித்தது. கத்தியால் அதைச் சீவி எறிந்துவிட்டு, மீதியைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார்.

"சொல்லுங்க" என்றார் புரூஃப்காரர். "நான் கொன்னுட்டேனா?"

"இது கெட்டியாத்தான் இருக்கு. சாகல சார், தூங்குது. குளிர் ஆரம்பிச்சா இலை, தண்டு எல்லாத்தையும் உதிர்த்துட்டுத் தூங்கப் போயிடும். தண்ணியே காட்டாம, காகிதப் பையில போட்டு வச்சா, வெயில் திரும்பினதும் தானா முளைக்கும். நீங்க என்னடான்னா தூங்கறதை எழுப்பிக் குளிப்பாட்டி, வெயில்ல காயப்போட்டு, சாப்பாடும் ஊட்டியிருக்கீங்க."

"வருஷா வருஷமா இப்படி?"

"வருஷா வருஷம்."

குளிர்காலங்களில் அந்தக் கொக்கி காலியாக இருந்ததா என்று நினைவுபடுத்திப் பார்த்தார். தெரியவில்லை. அவர் கண் எப்போதும் தாளில்தான் இருந்திருக்கிறது. நிமிர்ந்து பார்க்காத வருடங்கள் எத்தனை என்று எண்ணிப் பார்த்தார்; விரல்கள் போதவில்லை.

சட்டைப்பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து நீட்டினார். மடிப்புகள் நைந்திருந்தன.

"இதுல பதினாலு குறிப்பு இருக்கு. தூங்கறதைப் பத்தி ஒரு வரி இல்ல. கடைசி நாள்ல அவளுக்கு ரொம்ப வலி. அதுல மறந்துட்டா போலிருக்கு."

நர்சரிக்காரம்மா கைமண்ணைத் தட்டிவிட்டு, ஒரு ஸ்டூலை அவர் பக்கம் இழுத்துப் போட்டார்.

"மறக்கல சார். எழுதினதை எல்லாம் எனக்குப் போன்ல படிச்சுக் காட்டினாங்க. தூங்கறதை விட்டுட்டீங்களேம்மான்னு நான்தான் கேட்டேன். 'அதையும் எழுதினா, அவர் தாளைப் படிச்சுக்கிட்டு வீட்டுக்குள்ளயே உக்காந்துடுவாரு. எழுதலைன்னாத்தான் வெளிய வந்து நாலு பேர்கிட்ட கேப்பாரு'ன்னுட்டாங்க."