என்னைப் பற்றி நானே எழுதிய இரண்டு சிபாரிசுக் கடிதங்கள்

என்னைப் புகழ்ந்து இரண்டு பேர் முழுப் பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார்கள். இரண்டு பேரும் நான்தான்.

இதை வெளியே சொல்லிவிட்டால் மனசு லேசாகிவிடும் என்கிறார் என் கணவர் சுந்தர். (அவருக்கென்ன, மானம் போனது எனக்குத்தானே.) ஆனாலும் சொல்லிவிடுகிறேன். எப்படியும் கலிஃபோர்னியாவில் ஈஸ்ட் பே பக்கத்தில் இருக்கும் தமிழர்களில் பாதிப் பேருக்கு இந்தக் கதை தெரியும். மீதிப் பேருக்கு அரைகுறையாகத் தெரியும், அது இன்னும் ஆபத்து.

கல்யாணமாகி பிளசன்டனுக்கு வந்தபோது என்னிடம் மைக்ரோபயாலஜி பட்டம் இருந்தது. வேலைக்குப் போகத்தான் விசா இடம் கொடுக்கவில்லை. பத்து வருடம் குழம்பு வைத்தேன். சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளியில் ஊரார் பிள்ளைகளுக்கு அ, ஆ சொல்லிக் கொடுத்தேன். கடைசியாக கிரீன் கார்டு கைக்கு வந்த வாரம், "நர்ஸிங் படிக்கப் போறேன்" என்றேன்.

"இந்த வயசுலயா? பேசாம ஒரு சாஃப்ட்வேர் டெஸ்டிங் கோர்ஸ் பண்ணு ஜெயந்தி. மூணு மாசத்துல வேலை, வீட்டுலேருந்தே பாக்கலாம்" என்றார் சுந்தர்.

அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் என் மகள் நிலா ஏழு வாரம் முன்னாலேயே பிறந்தவள். கண்ணாடிப் பெட்டிக்குள் உள்ளங்கை அகலத்துக்குக் கிடந்தாள். தொடக்கூடப் பயந்து நின்ற என் கையைப் பிடித்து, பெட்டியின் ஓட்டை வழியாக உள்ளே விட்டு, "அழுத்த வேண்டாம், சும்மா வை. அம்மா என்று அவளுக்குத் தெரியும்" என்று சொன்னது ஒரு நர்ஸ். அந்த அறைக்கு எத்தனையோ டாக்டர்கள் வந்து போனார்கள், ஒருவர் முகமும் நினைவில்லை. அந்த நர்ஸின் குரல் இன்னும் காதில் இருக்கிறது. எனக்கு அந்த வேலைதான் வேண்டும், வேறு எதுவும் வேண்டாம். இதைச் சொன்னதும் சுந்தர் டெஸ்டிங் பேச்சை விட்டுவிட்டார்.

வேறு பாடத்தில் பட்டம் வாங்கியவர்கள் நேராக நர்ஸிங்கில் முதுகலை படிக்க இங்கே வழி இருக்கிறது. நாலைந்து வருடம் படிக்க வேண்டியதை இரண்டு வருடத்துக்குள் அமுக்கித் திணித்துக் கொடுப்பார்கள். அதற்கு முன்னால் உடற்கூறியல், வேதியியல் எல்லாம் தனியாகப் படித்து மார்க் காட்ட வேண்டும். மூன்று வருடம் படித்துக் காட்டினேன். ஓர் இலவச மருத்துவ முகாமில் தொண்டு செய்ய வேண்டும். செய்தேன். அப்புறம் மூன்று பேரிடம் சிபாரிசுக் கடிதம் வாங்க வேண்டும். அங்கேதான் சனி உட்கார்ந்திருந்தது.

முதலில் சான் ரமோனில் இருக்கும் டாக்டர் ராமநாதன் அங்கிளிடம் போனேன். பெரிய இதய மருத்துவர். எங்களுக்குப் பதின்மூன்று வருடப் பழக்கம்.

"அதுக்கென்னம்மா, பேஷா குடுக்கலாம்! நீயே ஒரு டிராஃப்ட் எழுதி அனுப்பிடு. நான் சைன் பண்ணி அப்லோட் பண்ணிடறேன்."

அடுத்தது தமிழ்ப் பள்ளியின் முதல்வர் கல்யாணி மேடம். "நீங்களே எழுதிடுங்க ஜெயந்தி. எனக்கு ஆண்டு விழா வேலை தலைக்கு மேல கெடக்கு. கூச்சப்படாம நல்லா தூக்கி எழுதுங்க, என்ன?"

எனக்கு இதில் துளியும் உறுத்தல் இல்லை. நம் ஊரில் இதுதானே முறை? கல்லூரியில் நன்னடத்தைச் சான்றிதழ் வாங்கப் போனபோதும், என் நடத்தை எப்பேர்ப்பட்டது என்று நான்தான் எழுதிக்கொண்டு போனேன். முதல்வர் பேனா மூடியைக் கழற்றியதோடு சரி. பெரிய மனிதரிடம் போய் "நீங்களே உட்கார்ந்து எழுதுங்கள்" என்று சொல்வது மரியாதைக் குறைவு என்றே நினைத்து வளர்ந்தவள் நான்.

மூன்றாவது ஆள், மருத்துவ முகாமை நடத்தும் டெனிஸ். மெனக்கெட வேண்டாம், நானே எழுதித் தருகிறேன் என்றேன். டெனிஸ் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "உன்னைப் பற்றி எனக்குத் தெரிந்ததை நான்தானே எழுத வேண்டும்? நீ அதைப் படிக்கவும் கூடாது" என்றாள். நமக்குத் தெரியாமல் என்னத்தை எழுதி வைக்கப் போகிறாளோ! அடுத்த வாரம் ஒரு டப்பா முறுக்கு கொண்டுபோய்க் கொடுத்தேன். (லஞ்சம் இல்லை. சரி, லஞ்சம்தான்.)

கடிதம் எழுதுகிறவர்கள் தாங்கள் நேரில் கண்ட ஒரு சம்பவத்தை விவரிக்க வேண்டும் என்பது விதி. பத்து வருடம் குழம்பு வைத்தவளிடம் எத்தனை சம்பவம் இருக்கும்? ஒன்றுதான் இருந்தது. தமிழ்ப் பள்ளி பிக்னிக்கில் ஒரு பையன் ஊஞ்சலிலிருந்து விழுந்து தாடையைக் கிழித்துக்கொண்டான், நான் முதலுதவி செய்தேன். டாக்டர் அங்கிளும் அங்கே இருந்தார், கல்யாணி மேடமும் இருந்தார். ஆக, ஒரே சம்பவத்தை இரண்டு கடிதத்திலும் போட்டேன். சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, டாக்டர் அங்கிள் மாதிரியே தொண்டையைச் செருமிக்கொண்டு தட்டினேன். "முப்பது ஆண்டு மருத்துவ அனுபவத்தில் இப்படியொரு கலங்காத மனதை நான் கண்டதில்லை." எழுதி முடித்ததும் எனக்கே என்மேல் பெரிய மரியாதை வந்துவிட்டது.

நிலா தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். அவளுக்குத் தமிழ் நன்றாகப் புரியும், பதில் மட்டும் ஆங்கிலத்தில்தான் வரும்.

"அம்மா, வை ஆர் யூ டாக்டர் அங்கிள்?"

"அவருக்கு டைம் இல்லடி. நான் ஹெல்ப் பண்றேன்."

"தட்ஸ் சீட்டிங், அம்மா."

"போய் ஹோம்வொர்க்கப் பாரு."

அன்றைக்குப் பன்னிரண்டு வயதுப் பெண் சொன்னதைக் கேட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.

இரண்டு பேரும் ஒரு வரிகூடப் படிக்காமல் கையெழுத்துப் போட்டு அனுப்பினார்கள். நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. ஜூமில் மூன்று பேர். நடுவில் இருந்தவர் வெள்ளை முடியை ஒட்ட வெட்டிய பேராசிரியை, பல வருடம் எமர்ஜென்சி வார்டில் நர்ஸாக இருந்தவராம். முதல் கால் மணி நேரம் அமோகமாகப் போனது. நான் மனசுக்குள் யூனிஃபார்மே தைத்துவிட்டேன்.

அப்புறம் அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

"உங்கள் டாக்டர் எழுதியிருக்கிறார், அந்தப் பையன் விழுந்தபோது தன்னையும் உங்களையும் தவிர அங்கே வேறு பெரியவர்களே இல்லை என்று."

"ஆமாம்" என்றேன் பெருமையாக. நேரில் பார்த்த சாட்சி என்பதற்கு அழுத்தம் கொடுக்க நானே யோசித்துச் சேர்த்த வரி அது.

"பள்ளி முதல்வரும் எழுதியிருக்கிறார், அங்கே தன்னையும் உங்களையும் தவிர வேறு யாருமே இல்லை என்று."

அதே வரியை அந்தக் கடிதத்திலும் போட்டதை நான் மறந்தே போயிருந்தேன். அந்த நேரத்தில் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இருக்கவில்லை.

"அங்கே ஒரு மரம் இருந்தது" என்றேன். "டாக்டர் இந்தப் பக்கம் நின்றார். மேடம் அந்தப் பக்கம் நின்றார். ஒருவரை ஒருவர் பார்த்திருக்க மாட்டார்கள்."

"நல்ல பெரிய மரம் போலிருக்கிறது" என்றார் அவர், முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல்.

ஓரத்தில் இருந்த இளம் பேராசிரியர் சட்டென்று தன் கேமராவை அணைத்தார். சிரிப்பை அடக்கவா, கோபத்தை அடக்கவா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்தக் கறுப்புச் சதுரத்தைப் பார்த்ததும் எனக்குள் ஏதோ உடைந்துவிட்டது.

"ரெண்டையும் நான்தான் எழுதினேன்" என்று பச்சைத் தமிழில் சொன்னேன். பிறகு சுதாரித்துக்கொண்டு ஆங்கிலத்திலும் சொன்னேன். எங்கள் ஊர்ப் பழக்கம், சான்றிதழ், பேனா மூடி எல்லாவற்றையும் கொட்டினேன். அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"சரி. உண்மையில் என்னதான் நடந்தது?" என்று கேட்டார்.

இனிமேல் போக என்ன இருக்கிறது என்று உள்ளதை உள்ளபடியே சொன்னேன். அங்கே ஐம்பது பேர் இருந்தார்கள். ஐம்பது பேரும் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். ஒருவர் மஞ்சள் பொடி கேட்டார். ஓர் ஆன்டி காப்பித் தூள் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே ஓடி வந்தார். டாக்டர் அங்கிள் பஜ்ஜி வரிசையிலிருந்து வந்து எட்டிப் பார்த்து, "ஸ்டிச் போடணும்" என்று சொல்லிவிட்டு, இடம் போய்விடுமே என்று திரும்ப வரிசைக்கே போய்விட்டார். கல்யாணி மேடம் மைக்கைப் பிடித்து, "யாரும் பதற்றப்படாதீங்க" என்று கத்திக் கத்தி எல்லோரையும் பதற வைத்தார். நான் காப்பித் தூள் ஆன்டியைத் தள்ளிவிட்டு, பேப்பர் டவலை மடித்துத் தாடையில் அழுத்திப் பிடித்தேன். மருத்துவமனை போகும் வரைக்கும் அந்தப் பையன் என் விரலை விடவில்லை. அவனைத் தையல் போட உள்ளே அழைத்துப் போனதும் காருக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தேன். கலங்காத மனதாவது, மண்ணாங்கட்டியாவது.

மூன்று பேரும் சிரித்தார்கள். கேமராவும் திரும்பி வந்தது. "டெனிஸின் கடிதத்தில் வரும் பெண்ணை இப்போதுதான் பார்க்கிறேன்" என்றார் அந்தப் பேராசிரியை.

சிரித்ததை நம்பி ஏமாந்தேன். ஒரு வாரத்தில் மறுப்புக் கடிதம் வந்தது. இந்த வருடம் இடமில்லை, மற்றவர்கள் உண்மையிலேயே எழுதிய கடிதங்களோடு அடுத்த வருடம் விண்ணப்பிக்கலாம் என்று கண்ணியமாக எழுதியிருந்தார்கள். மளிகைக் கடை பார்க்கிங்கில் காருக்குள் உட்கார்ந்து அழுதேன். கண் கலங்கியதெல்லாம் இல்லை, ஏங்கி ஏங்கி அழுதேன். பத்து வருடம் கிரீன் கார்டுக்காகக் காத்திருந்தேன், அதில் என் தப்பு எதுவும் இல்லை. இந்த ஒரு வருடம் நானே என் கையால் எழுதித் தொலைத்தது.

அழுது முடித்ததும் நேராக டாக்டர் அங்கிள் வீட்டுக்குப் போனேன். நடந்ததைச் சொன்னேன், மரம் உட்பட. அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். அடுத்த வருடத்துக்கு நீங்களேதான் எழுத வேண்டும் என்றதும் சிரிப்பு நின்றுவிட்டது.

"நானேவா?"

"ஆமா அங்கிள்."

"அப்போ உன்னைப் பத்தி நான் யோசிக்கணுமேம்மா!"

அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை. நிஜமாகவே மலைத்துப்போய் உட்கார்ந்திருந்தார். எனக்குச் சுருக்கென்றது. பதின்மூன்று வருடமாக என் ரசத்தைப் பாராட்டிய மனிதருக்கு என்னைப் பற்றி நாலு வரி தெரியவில்லை. நானும் தெரியப்படுத்தவில்லை. அடுத்த சில வாரம் அவரே போன் போட்டுக் கேட்டார். "காலேஜ்ல என்னம்மா படிச்சே?" "நெஜமாவே வாந்தி எடுத்தியா?" "ஏன் நர்ஸிங், ஏன் வேற ஏதும் இல்ல?" நான் நிலா பிறந்த கதையைச் சொன்னபோது, "இரு, பேனா எடுத்துட்டு வரேன்" என்றார். அதன்பிறகு, தான் எழுதியதை எனக்குக் காட்ட மாட்டேன் என்று அவரே சொல்லிவிட்டார். கல்யாணி மேடமும் ஆண்டு விழா முடிந்த கையோடு எழுதினார். அவற்றில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. இடம் கிடைத்தது, அவ்வளவுதான் தெரியும்.

இப்போது இரண்டாவது செமஸ்டர். விடிவதற்குள் எழுந்து மருத்துவமனைக்கு ஓடுகிறேன். ஆனால் எங்கள் வட்டாரத்தில் எனக்குப் பெயர் மரத்தடி நர்ஸ். தமிழ்ச் சங்க விழாவில் யாராவது சிறப்பு விருந்தினரை வானளாவப் புகழ ஆரம்பித்தால், மூன்று வரிசைக்கு முன்னாலிருந்து டாக்டர் அங்கிள் திரும்பி என்னைப் பார்க்கிறார். சுந்தர் அதற்கு மேல். "இன்னிக்கு சாம்பார் பிரமாதம்னு ஒரு லெட்டர் எழுதி வை, சைன் பண்ணிட்டு ஆபீஸ் போறேன்" என்கிறார்.

வீட்டில் மிச்சம் இருப்பது நிலா. ஒவ்வொரு அன்னையர் தினத்துக்கும் ஒரு வாழ்த்து அட்டை கொடுக்கிறாள். பிரித்தால் உள்ளே வெறும் தாள், கீழே அவள் கையெழுத்து மட்டும்.

"அம்மா, நீயே எழுதிக்கோ. நான் சைன் பண்ணிட்டேன்" என்கிறாள்.

ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் தமிழ் சொல்லிக் கொடுத்தவளின் மகள், தடுமாறாமல் முழுசாகப் பேசும் தமிழ் இதுவரை அது ஒன்றுதான்.