மெலிந்துபோன நீர்நாயும் பொதுமக்கள் உணர்ச்சியும்

எங்கள் நகராட்சிக் கலாசாரப் பிரிவின் கடமைகளில் ஒன்று பாங்குரியைப் பாதுகாப்பது. பாங்குரி ஒரு நீர்நாய். நாங்கள் சிறுவர்களாக இருந்தபோது தொலைக்காட்சியில் வந்த கார்ட்டூன். தொப்பையும் தானுமாக வந்து வாரம் தவறாமல் ஆற்றில் விழும். அதை வரைந்த கம்பெனி எங்கள் ஊரில்தான் இருந்தது. கம்பெனி திவாலானபோது, நாற்காலி மேசைகளை வங்கி எடுத்துக்கொண்டது. நீர்நாய் நகராட்சிக்கு வந்தது.

போன வசந்தத்தில் சியோலிலிருந்து ஒரு பாட்டுக் குழு, பாங்குரியை வைத்து வீடியோ எடுக்க அனுமதி கேட்டது. கொடுத்தோம். வீடியோ வந்தது. தொப்பையைக் காணோம். வெள்ளிநிற முடியும் ஒடுங்கிய இடுப்புமாக ஒரு நீர்நாய் மழையில் ஆடியது. ஆற்றில் விழவே இல்லை. ஆற்றைப் பார்த்துப் பெருமூச்சு விட்டது.

புகார்கள் குவிந்தன. எல்லாவற்றிலும் ஒரே சாரம்: என் குழந்தைப் பருவம் சேதமாகிவிட்டது.

எங்கள் பிரிவின் துணைத் தலைவர் பியோ கியோங்சுவுக்கு அந்த ஆண்டு பதவி உயர்வு வரவேண்டியிருந்தது. அவர் யோசித்தார். சுவரில் விரிசல் என்று புகார் வந்தால் போய்ப் பார்க்காமல் பதில் எழுதுவதில்லை. குழந்தைப் பருவத்துக்கு மட்டும் வேறு நியாயமா? புகார் கொடுத்தவர்களில் ஒருவரை அழைத்து, வீடியோவைக் காட்டி, சேதத்தை நேரில் பதிவு செய்யும்படி எனக்கு உத்தரவிட்டார்.

வந்தவர் தக் யோங்பே. சந்தைத் தெருவில் நூடுல்ஸ் கடை வைத்திருப்பவர். நீர்நாய் பெருமூச்சு விட்ட இடத்தில் அவர் அழத் தொடங்கினார். இது துக்கமா, ஆனந்தமா என்று பியோ விசாரித்தார்.

"தெரியல சார். இது தண்ணியில விழுறப்பல்லாம் நானும் என் தம்பியும் உருண்டு சிரிப்போம். கடைப் பங்குல சண்டை போட்டுட்டு அவன் பூசான் போயிட்டான். பேசியே ரொம்ப வருஷமாச்சு."

"கலப்பு உணர்ச்சி," என்றார் பியோ. நான் கேமராவில் பதிந்துகொண்டேன். வெளிப்படைத்தன்மை கருதி, அந்தப் பதிவை நகராட்சியின் இணையப் பக்கத்தில் போட்டோம்.

பாட்டைப் பார்த்தவர்களைவிட தக் அழுததைப் பார்த்தவர்கள் அதிகமானார்கள். தக் அழுததைப் பார்த்துத் தாங்கள் அழுததைப் பலர் படம்பிடித்துப் போட்டார்கள். பிறகு கடைக்கே கூட்டம் வந்தது. நூடுல்ஸ் ஆறிப்போகும்வரை போனை நீட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். அவர் அழவில்லை. உடனே நகராட்சிக்குப் புகார் வந்தது: காட்டிய கண்ணீர் போலி. பியோ அவரைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"வியாபாரம் பிச்சுக்கிட்டுப் போகுது சார். எப்படி அழுறது?" என்று கேட்டார் தக்.

"இங்க பாருங்க, நீங்க இப்ப தனி ஆள் இல்ல. நகராட்சிப் பக்கத்துல இருக்கீங்க. கொடுத்த உணர்ச்சியைத் திருப்பி வாங்கிக்க விதியில இடமில்ல."

"அப்ப வெங்காயம் உரிக்கவா?"

"அது உங்க சொந்தப் பொறுப்பு. நகராட்சிக்குத் தெரியாது."

அவர் உரித்தார். மாலைக்குள் கண் வீங்கி, கடைக்காரர் யார் வெங்காயம் எது என்று தெரியாத நிலைக்கு வந்தார். அந்த வீங்கிய கண்ணைப் போனில் பார்த்துவிட்டுத்தான் பூசானிலிருந்து தம்பி யோங்சிக் ரயிலேறி வந்தான். சண்டையைப் பற்றி அவன் ஒன்றும் பேசவில்லையாம். சமையல் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு, மீதி வெங்காயத்தைத் தானே உரித்தானாம்.

புகார்கள் ஓயாததால், சேதமான குழந்தைப் பருவங்களைச் சீரமைக்கப் பழைய கார்ட்டூனையே ஆற்றங்கரையில் பெரிய திரை கட்டிக் காட்டினார் பியோ. ஊரே திரண்டது. திரையும் தங்கள் முகமும் சேர்ந்து படத்தில் விழவேண்டும் என்பதால், எல்லோரும் திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்கள். திரையைப் பார்த்து உட்கார்ந்தவர்கள் அண்ணனும் தம்பியும் மட்டும்தான். நீர்நாய் ஆற்றில் விழுந்தது. இருவரும் உருண்டு சிரித்தார்கள்.

மறுநாள் வந்த புகார்கள் முன்னைவிடக் கடுமையாக இருந்தன. இது நாங்கள் பார்த்த பாங்குரி அல்ல. நிறம் மங்கல். தொப்பை, பருமனானவர்களைக் கேலி செய்வதற்காக யாரோ பின்னால் சேர்த்தது. பொதுமக்கள் உணர்ச்சிவசப்பட்டிருந்த இடத்தில் இரண்டு பேர் சிரித்தது கண்டிக்கத்தக்கது.

பியோ முடிவெடுக்கத் தயங்கவில்லை. அசலானது பொதுமக்களின் நினைவுக்கு முரணாக இருப்பது ஆய்வில் உறுதியாகியுள்ளதால், அசல் திருத்தப்படும். தொப்பை குறைக்கப்பட்டது. ஆற்றில் விழும் காட்சிகள் நீக்கப்பட்டன. பெருமூச்சுகள் சேர்க்கப்பட்டன. பியோவுக்குப் பதவி உயர்வு வந்தது. சகோதரர்களுக்கு, பொது இடத்தில் சிரிப்பைத் தவிர்க்குமாறு மரியாதையான அறிவுரை போனது.

திருத்திய அசலை நானும் பார்த்தேன். மனதை ஏதோ செய்தது. என்னை அறியாமல் அழுதுவிட்டேன். அப்போதுதான் போனை என் பக்கம் திருப்பி வைக்கவில்லை என்பதைக் கவனித்தேன். படத்தை நிறுத்தி, முகத்தைக் கழுவி, முதலிலிருந்து மறுபடி அழுதேன்.