மைக்ரான் போட்ட மூன்று மில்லிமீட்டர் துளை

நடந்தது இதுதான்:

1. புதன்கிழமை காலை பத்து மணிக்கு, எங்கள் கம்பெனியின் அளவுச் சோதனை அறையில் இருந்த பழைய கம்ப்யூட்டரின் புராசஸரைக் கழற்றினேன்.

2. அதே சாக்கெட்டில் உட்காரக்கூடிய, இன்னும் வேகமான புராசஸர் ஒன்றை மாட்டினேன்.

3. சுவிட்சைப் போட்டேன். ஃபேன் சுற்றியது. திரையில் ஒன்றும் வரவில்லை.

4. மூன்று மணி நேரப் போராட்டத்துக்குப் பிறகு, பழைய புராசஸரையே திரும்ப மாட்டலாம் என்று முடிவெடுத்தேன்.

5. அதற்குள் பழைய புராசஸரின் மூலையில் மூன்று மில்லிமீட்டருக்குத் துளை போட்டு, பிசிறு நீக்கி, வளையம் கோத்து, சாவிக்கொத்து ஆக்கியிருந்தார் மைக்ரான் அண்ணன்.

ஐந்தாவது வரி புரிய வேண்டுமானால் மைக்ரான் அண்ணனைத் தெரிந்திருக்க வேண்டும்.

உலகத்தில் எந்தப் பொருளும் அதற்குரிய அளவில் இல்லை என்பதை நிரூபிக்கவே பிறந்தவர் அவர். ஓசூர் தொழிற்பேட்டையில் எங்களுடையது சின்னக் கம்பெனி. பெரிய கம்பெனிகளுக்கு இரும்புப் பாகங்கள் செய்து கொடுக்கிறோம். நான் தரச் சோதனையில் இன்ஜினியர். அவர் டூல்ரூமில் ஃபிட்டர். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்கு போட்டால் வரும் ஒரு பங்குதான் மைக்ரான். சென்டிமீட்டரில் யாராவது பேசினால், வேலை தெரியாதவர் என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். சம்பளப் பட்டியலில் அவருக்கு வேறு ஏதோ பெயர் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்கமாட்டார். மற்றவர்கள் பேனா குத்தும் சட்டைப் பையில் அவர் வெர்னியர் அளவுகோல் வைத்திருப்பார்.

கேன்டீனில் வடை வாங்கினால் முதலில் ஓட்டையை அளப்பார்.

"மாஸ்டர், நேத்து பன்னெண்டு இருந்துது. இன்னிக்குப் பதினாலரை. ஓட்டை வளருது. மாவு எங்க போவுது?"

"அண்ணா, அது விரல்ல போடற ஓட்டைண்ணா."

"அப்ப விரலைக் காட்டு."

விரலையும் அளந்தார். மறுநாள் முதல் மாஸ்டர் அவருக்கென்று ஓட்டையே இல்லாத வடை ஒன்றைத் தனியாகப் போட ஆரம்பித்தார். ஒரு வாரம் சாப்பிட்டுவிட்டு, தடிமன் ஒரே சீராக இல்லை என்றார்.

ஒருமுறை கிருஷ்ணகிரியில் ஒரு வேலையை முடித்துக்கொண்டு கம்பெனி வேனில் திரும்பும்போது, குருபரப்பள்ளியில் ரோட்டோர மாம்பழக் கடையில் நிறுத்தினோம். நாங்களெல்லாம் பழத்தை மோந்து பார்த்தோம். அவர் வெர்னியரை எடுத்தார்.

"ஏம்மா, இந்தப் பக்கம் எழுபத்தெட்டு, அந்தப் பக்கம் எண்பத்தொண்ணு. உருண்டையா ஒண்ணுகூட இல்லியே?"

கடைக்கார அம்மா வெர்னியரை ஏற இறங்கப் பார்த்தார். "யோவ், மாம்பழம் வாங்க வந்தியா, அதுக்குச் சட்டை தைக்க வந்தியா?"

அரை மணி நேரம் கழித்து, ஒன்றுக்கொன்று அரை மில்லிமீட்டர்கூட வித்தியாசமில்லாத ஆறு பழங்களோடு வேன் ஏறினார். ஆறுமே புளித்தன.

இனி கம்ப்யூட்டர் கதை. அளவுச் சோதனை அறையில் எங்களிடம் ஓர் அளவு இயந்திரம் இருக்கிறது. கீழே கருங்கல் மேடை, மேலே ஊசிமுனையோடு நகரும் ஒரு கை. பாகத்தை மேடையில் வைத்தால் அந்தக் கை தொட்டுத் தொட்டு அளந்து கம்ப்யூட்டருக்குச் சொல்லும். மேடை வெளிநாட்டிலிருந்து வந்தது. பக்கத்துப் பர்கூர்க் கருங்கல்தான் கப்பலேறிப் போய் மறுபடி நம்ம ஊருக்கே வந்திருக்கிறது என்பது மைக்ரான் அண்ணனின் கட்சி. இயந்திரத்தைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் கார்டு, அந்தப் பழைய மதர்போர்டில் மட்டும்தான் பொருந்தும். ஆகவே புதுக் கம்ப்யூட்டர் வாங்கிவிடுவது என்ற சுலபமான வழி எங்களுக்கு இல்லை.

புது ஆர்டர் ஒன்றுக்கு மாதிரிப் பாகம் செய்திருந்தோம். அதன் அளவு ரிப்போர்ட் வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் போய்ச் சேர வேண்டும். வாடிக்கையாளர் அனுப்பிய வரைபடத்தைத் திறந்தாலே கம்ப்யூட்டர் உறைந்து நின்றது. ரிப்போர்ட் போகாவிட்டால் ஆர்டர் கர்நாடக எல்லை தாண்டி அத்திப்பள்ளிப் பக்கம் வேறொரு கம்பெனிக்குப் போய்விடும். ஆர்டர் போனால் மைக்ரான் அண்ணனும் போவார். அவருக்கு ஓய்வு வயது எப்போதோ முடிந்து, வருஷா வருஷம் நீட்டிப்பில் ஓடிக்கொண்டிருந்தது. "இந்த ஆர்டர் வந்தா இன்னொரு வருஷம், இல்லன்னா மாலை மரியாதையோட அனுப்பிருவோம்" என்று ஓனர் சார் அவரிடமே சொல்லியிருந்தார்.

புராசஸரை மாற்றினால் போதும் என்று சொன்னது நான். பதினான்கு வரிகளில் செய்முறைப் பட்டியலும் போட்டேன். எதைச் செய்தாலும் பட்டியல் போடுவது என் பழக்கம்.

ஆறாவது வரியிலேயே மைக்ரான் அண்ணன் உள்ளே வந்துவிட்டார். புராசஸர் மேல் உட்காரும் கூலரின் அடிப்பகுதியைத் தடவிப் பார்த்தார்.

"இதுக்குப் பேரு ஃபினிஷிங்கா? ஏர் ஓட்டின கொல்லை மாரி இருக்குது."

சமதளக் கல்லில் நீலச் சாயம் தடவி, கூலரை அதன்மேல் வைத்துத் தேய்த்து எடுத்தார். நடுவில் மட்டும் நீலம் ஒட்டியிருந்தது. "பாத்தியா, தொப்பை! நடுவுல மட்டும்தான் தொடுது. சூடு எப்படி ஏறும்?" என்று, எடுத்துப் போய்த் தேய்த்துக் கண்ணாடி மாதிரி ஆக்கிக் கொண்டுவந்தார். புராசஸருக்கும் கூலருக்கும் நடுவில் பேஸ்ட் வைக்கும்போதும் விடவில்லை.

"எவ்ளோ வெக்கணும், இன்ஜினியரம்மா?"

"ஒரு பட்டாணி அளவு, அண்ணா."

"எந்தப் பட்டாணி? பச்சையா, காஞ்சதா?"

பதினான்கு வரிகளில் அதற்குப் பதில் இல்லை.

சுவிட்சைப் போட்ட பிறகு நடந்ததை முதலிலேயே சொல்லிவிட்டேன். மெமரியைக் கழற்றி மாட்டினேன். போர்டில் இருக்கும் சின்ன பேட்டரியை எடுத்துவிட்டுக் காத்திருந்து திரும்ப வைத்தேன். புராசஸரைத் தூக்கி, சாக்கெட்டில் ஏதாவது பின் வளைந்திருக்கிறதா என்று பூதக்கண்ணாடியில் பார்த்தேன். எல்லாப் பின்னும் நேராகவே நின்றன. திரைதான் வரவில்லை.

கடைசியில், போர்டு செய்தவர்களின் இணையப் பக்கத்தை ஃபோனில் தேடிப் படித்தேன். போர்டுக்குள் பயாஸ் என்று ஒரு சின்ன புரோகிராம் இருக்கிறது. கம்ப்யூட்டர் விழித்ததும் முதலில் வேலை செய்வது அதுதான். எங்கள் போர்டில் இருந்த பயாஸ் பழையது. புதுப் புராசஸர் பிறப்பதற்கு முன்பே எழுதியது. அதற்கு இந்தப் புதியவரை யாரென்றே தெரியாது. பயாஸைப் புதுப்பித்துவிட்டுத்தான் புராசஸரை மாற்றியிருக்க வேண்டும். என் பட்டியலில் அந்த ஒரு வரி இல்லை. ஆனால் பரவாயில்லை. பழையதை மாட்டி, பயாஸைப் புதுப்பித்து, மறுபடி புதியதை மாட்டினால் முடிந்தது.

"அண்ணா, இங்க டிஷ்யூ பேப்பர்ல சுத்தி வெச்சிருந்தேனே, பழைய புராசஸர்?"

அவர் முகமெல்லாம் சிரிப்பு. "கேப்பன்னு தெரியும். கைய நீட்டு, கண்ண மூடு."

மூடினேன். கையில் ஜில்லென்று ஏதோ விழுந்தது.

"உன் வண்டிச் சாவி நூல்ல தொங்குதேன்னு பாத்தன். கம்ப்யூட்டர் ஓடின சந்தோஷத்துக்கு ஒண்ணு செய்யலாம்னு."

"அண்ணா, கம்ப்யூட்டர் இன்னும் ஓடலையே!"

"ஓடிரும்மா. நீ கை வெச்சு ஓடாத மிஷினு எது?"

ஒரே வாக்கியத்தில் இவ்வளவு பாராட்டும் இவ்வளவு நாசமும் எனக்கு வாய்த்ததில்லை. விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது.

"ஓரத்துலதாம்மா போட்டன். நடுவுல கை வெக்கவே இல்ல."

வளையத்தைக் கழற்றிவிட்டு மாட்டியும் பார்த்தேன். போர்டு அதைக் கண்டுகொள்ளவில்லை. ஓசூரில் மூன்று கடைகளுக்கு ஃபோன் செய்தேன். "அந்த மாடலா? எங்க அப்பாவ கேக்கணும் மேடம்" என்றார் ஒரு கடைக்காரர். பெங்களூரில் ஒருவர், கிடங்கில் தேடிப் பார்த்துச் சனிக்கிழமை சொல்வதாகச் சொன்னார்.

சாயங்கால டீ வந்தது. மைக்ரான் அண்ணன் டீ எத்தனை மில்லிமீட்டர் குறைவு என்று பார்க்கவில்லை. அப்படியே குடித்தார். நான் அவரைப் பார்த்துப் பயந்தது அன்று மட்டும்தான்.

"எக்ஸ்டென்ஷன என் கையாலயே டிரில் போட்டுட்டன், பாத்தியா" என்றார்.

"பட்டியல்ல ஒரு வரி விட்டது நான், அண்ணா."

"நீ விட்டது வரி. நான் போட்டது ஓட்டை. வரிய எழுதிக்கலாம்." சாவிக்கொத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், அதன் முதுகில் இருந்த எழுத்துகளைப் படித்தார். சட்டென்று நிமிர்ந்தார். "ஏம்மா, கம்பெனியில பழைய கம்ப்யூட்டர்ங்கள வித்தப்ப நான் ஒண்ணு வாங்கினன். இதோட சேந்து வந்ததுதான். இதே டப்பா. எங்க ஊட்டுல இருக்குது!"

உடனே வீட்டுக்கு ஃபோன். ஸ்பீக்கரில் போட்டார். அவர் மனைவி ரத்னா அக்காவுக்குத் தாய்மொழி கன்னடம்; தமிழில் பேசினாலும், நம்ம 'ஏங்க' மாதிரியான 'ரீ' போடாமல் கணவரைக் கூப்பிடமாட்டார்.

"ரீ, கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்துல என்னை ஒரு நாள் ஃபேக்டரிக்குக் கூட்டிட்டுப் போயிருக்கீங்களா? அந்த டப்பாவைக் கூட்டிட்டுப் போறீங்களா?"

"ஒரே நாள் ரத்னா."

"அதுலதானே என் சீரியல்?"

"ஃபோன்ல பாரு."

"ஃபோன்ல மாமியார் மூஞ்சி சரியா தெரியாதுரீ. அவ என்ன நினைக்கறான்னு எப்படிக் கண்டுபிடிக்கறது? ஆமா, எதுக்குக் கேக்கறீங்க? எதுலயாவது ஓட்டை போட்டீங்களா?"

"அது வந்து..." என்று இழுத்தார். முப்பது வருஷ அனுபவம் அந்தப் பக்கம் புரிந்துகொண்டது.

"ஃபோனை அந்தப் பொண்ணுகிட்ட குடுங்க. ஏம்மா, டப்பா வந்து திரும்பற வரைக்கும் டிரில் மிஷின் ரூமைப் பூட்டிச் சாவிய நீயே வெச்சுக்கோ."

வியாழக்கிழமை காலை மைக்ரான் அண்ணன் மத்திகிரி வீட்டிலிருந்து மொபெட்டில் வந்தார். முன்னால் கால் வைக்கும் இடத்தில் கம்ப்யூட்டர், போர்வையால் சுற்றி, இரண்டு பெல்ட்டுகளால் கட்டியிருந்தது. வழியில் உள்ள வேகத்தடைகளின் உயரத்தைப் பற்றி முனிசிபாலிட்டிக்கு எழுதப் போவதாகச் சொன்னார்.

அவர் வீட்டுப் புராசஸரை எங்கள் போர்டில் மாட்டினேன். திரை வந்தது. பயாஸ் புதுப்பிப்பை பென்டிரைவில் போட்டேன். "அண்ணா, இது ஓடற நாலு நிமிஷம் கரன்ட் போகக் கூடாது. போனா போர்டே போயிடும். யூபிஎஸ்ல போட்டிருக்கேன், இருந்தாலும் யாரும் எதையும் தொடக் கூடாது."

அவர் சுவிட்ச் போர்டுக்கு முன்னால் இரண்டு கைகளையும் விரித்து நின்றுவிட்டார். இரண்டாவது நிமிடத்தில் ஓனர் சார் நெற்றியைத் துடைத்தபடி உள்ளே வந்தார்.

"என்னப்பா இது, ஏசி போடலையா?" என்று கையை நீட்டினார்.

"சார், கைய எடுங்க."

"யோவ், இது என் கம்பெனி."

"இன்னும் ரெண்டு நிமிஷத்துக்கு இது என் கம்பெனி சார். அப்புறம் நீங்க எடுத்துக்குங்க."

ஓனர் சார் என்னைப் பார்த்தார். நான் திரையைப் பார்த்தேன். நூறு சதவீதம் என்று வந்ததும் ஓனர் சார் அவராகவே ஏசியைப் போட்டுவிட்டு வெளியே போனார்.

புதுப் புராசஸர், பட்டாணி அளவு பேஸ்ட் (காய்ந்த பட்டாணி என்று ஒப்பந்தம் ஆனது), தொப்பை கரைந்த கூலர். சுவிட்ச். திரை வந்தது. வரைபடம் திறந்தது. ஒரு மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்தேன். புராசஸர் நான் கணக்குப் போட்டதைவிடப் பத்து டிகிரி குளிர்ச்சியாகவே இருந்தது. அதை அவரிடம் சொன்னேன். "பின்ன?" என்றார்.

மாதிரிப் பாகத்தை ஏற்றுவதற்கு முன், இயந்திரம் சரியாக அளக்கிறதா என்று ஏதாவது ஒன்றை வைத்துப் பார்க்க வேண்டும். கைக்குக் கிடைத்தது சாவிக்கொத்துதான். வளையத்தைக் கழற்றி மேடையில் வைத்தேன். ஊசிமுனை துளைக்குள் இறங்கி நான்கு பக்கமும் தொட்டுவிட்டு எழுந்தது. திரையில் எண் வந்தது: 3.046.

நாற்பத்தாறு மைக்ரான் அதிகம்.

மைக்ரான் அண்ணன் அறையின் அந்தக் கோடியில் வீட்டுக் கம்ப்யூட்டரைப் போர்வையில் சுற்றிக்கொண்டிருந்தார். "ஓட்டை எவ்ளோம்மா வந்துது?" என்று திரும்பாமலே கேட்டார்.

நான் திரையை அணைத்தேன்.

"மூணு, அண்ணா. சரியா மூணு."

"தெரியும்" என்றார்.

இப்போதைய நிலவரம்: ரிப்போர்ட் வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கே போனது. ஆர்டர் வந்துவிட்டது. ரத்னா அக்கா பெரிய திரையில் மாமியார் முகத்தைக் கண்காணித்து வருகிறார். மைக்ரான் அண்ணனுக்கு இன்னொரு வருஷம் நீட்டிப்பு. என் பட்டியலில் இப்போது பதினைந்து வரிகள். நான் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து தப்பாகச் சொன்ன அளவு ஒன்றே ஒன்று. அது என் வண்டிச் சாவியில் தொங்குகிறது. அதைத் திருத்தும் எண்ணம் இல்லை.