சைக்கிள் ஸ்டாண்டுல ஒரு சைக்கிள்

புரட்டாசி சனிக்கிழமை காலையில எனக்கு ஒரே ஒரு வேலைதான். ஒரு சைக்கிளைக் கொண்டு போய் ஸ்ரீரங்கத்துல ஒரு சைக்கிள் ஸ்டாண்டுல நிறுத்தணும்.

நிறுத்திட்டு ஒரு போட்டோ எடுத்துட்டு, ஒரு காபி குடிச்சிட்டு, புத்தூர் திரும்பிடலாம். இதுல என்ன சொதப்ப முடியும்னு கேக்குறீங்களா? நானும் அப்படித்தான் நெனச்சேன்.

அந்த ஸ்டாண்டை டிசைன் பண்ணினதே நான்தான். கல்யாண மேடைக்குப் பின்னாடி கட்டுற அலங்காரம், நர்சரி ஸ்கூல் சுவத்துல மயில், இதுதான் இத்தனை வருஷமா என் கலை வாழ்க்கை. மேடையை மறுநாளே பிரிச்சிடுவாங்க. மயில் மேல அடுத்த லீவுல டிஸ்டம்பர் அடிச்சிடுவாங்க. நான் செஞ்ச எதுவும் நிலைச்சு நின்னதா சரித்திரம் இல்ல.

அப்பதான் கோயில் பக்கத்துக் கடைக்காரங்க சங்கத்துலேர்ந்து வரதன் சார் கூப்பிட்டார். சங்கத்துக்குச் செயலாளர். பொண்ணு வீட்டுக்கு வெளிநாடு போயிட்டு வந்திருந்தார்.

"அங்கெல்லாம் ஓவியர்களைக் கூப்பிட்டு சைக்கிள் ஸ்டாண்டையே கலைப்பொருளா செய்யச் சொல்றாங்கம்மா. ரோட்ல போறவங்க நின்னு பாக்குறாங்க. நம்ம தெருவுலயும் ஒண்ணு வெச்சா என்ன? உங்க பேரும் போடுவோம்."

பேர் போடுவோம்னு சொன்னதும் நான் விழுந்துட்டேன்.

ராத்திரி பகலா வரைஞ்சேன். ரெண்டு எவர்சில்வர் பைப்பு, பக்கத்துல பக்கத்துல, அலை அலையா வளைஞ்சு ஓடும். ஒண்ணு காவேரி. இன்னொண்ணு கொள்ளிடம். நடுவுல விட்ட இடம் ஸ்ரீரங்கம். வெளிப்பக்கம் வளைவுக்கு ஒரு சைக்கிள். எவ்வளவு ஆழமான சிந்தனை பாருங்க! என் வீட்டுக்காரர் படத்தைப் பாத்துட்டு, "இது சைக்கிள் ஸ்டாண்டுன்னு எழுதிப் போடுவியா?"ன்னார்.

"எழுதிப் போட்டா அது கலை இல்லங்க. அதுவே பேசணும்."

அது பேசுச்சு. என்ன பேசுச்சுன்னு போகப் போகச் சொல்றேன்.

துவாக்குடியில சேகர்னு ஒருத்தர் வெல்டிங் பட்டறை வெச்சிருக்கார். அவர்தான் செஞ்சு குடுத்தார். வேலை முடிஞ்சு போய்ப் பாத்தா என் இடுப்பு வரைக்கும் நிக்குது. நான் வரைஞ்சது முழங்கால் உயரம்.

"சேகர், கொஞ்சம் உயரமா இருக்கே?"

"கம்பீரமா இருக்குல்லக்கா?"

இருந்துச்சு. என் மூஞ்சி அதுல பளபளன்னு தெரிஞ்சுது. வாயை மூடிக்கிட்டு வண்டியில ஏத்தச் சொல்லிட்டேன்.

வியாழக்கிழமை தரையில போல்ட் போட்டு முடுக்கி, நீல பிளாஸ்டிக் ஷீட்டால மூடி வெச்சாங்க. அன்னிக்கே சண்டை. ஸ்டாண்டோட ஒரு நுனிக்கு நேர் எதிர்ல சாமி படக் கடை. கடைக்காரர் ராஜகோபால் மாமா கொதிச்சுப் போயிட்டார்.

"என்ன ஓய் இது, என் கடை வாசல்ல கம்பியை நட்டு வெச்சிருக்கேள்? இனிமே என் கடைக்கு எவன் வருவான்? எடுங்கோ இதை!"

வரதன் சார் ரெண்டு பக்கமும் பேசிப் பாத்துட்டு என்கிட்ட முடிவா சொல்லிட்டார். "சனிக்கிழமை பதினோரு மணிக்கு கமிட்டி வருதும்மா. அதுல சைக்கிள் நின்னா ஸ்டாண்டு இருக்கும். வெறும் கம்பியா நின்னா கழட்டி பழைய இரும்புக் கடைக்குப் போட்டுடுவோம். என்னால வேற ஒண்ணும் பண்ண முடியாது."

மயில் மேல டிஸ்டம்பராவது ஒரு வருஷம் கழிச்சு அடிச்சாங்க. இது ரெண்டு நாள்கூடத் தாங்காது போலயே!

அதனாலதான் சனிக்கிழமை சைக்கிள். ஒண்ணு நின்னா அதைப் பாத்து நாலு வரும்ல?

பக்கத்து வீட்டு ப்ளஸ் ஒன் பொண்ணுக்கு ஸ்கூல்ல குடுத்த சைக்கிளை இரவல் வாங்கினேன். லோடு ஆட்டோவுல ஏத்தினேன். டிரைவர் ஒரு மாதிரியா பாத்தார்.

"ஸ்ரீரங்கம்தானம்மா? இதுலயே ஏறி மிதிச்சிட்டுப் போயிடலாமே?"

"எனக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாதுங்க."

"அப்புறம் எதுக்கு சைக்கிளு?"

"நான் ஒரு சைக்கிள் ஸ்டாண்டு டிசைன் பண்ணியிருக்கேன்."

காவேரிப் பாலம் தாண்டுற வரைக்கும் அவர் கண்ணாடியில சைக்கிளையே பாத்துக்கிட்டு வந்தார்.

போய் இறங்கினா, நான் நாள் கிழமை பாக்காம வந்த லட்சணம் அப்பதான் உறைக்குது. புரட்டாசி சனிக்கிழமை! எந்தெந்த ஊர் ஜனமோ பஸ் பஸ்ஸா வந்து இறங்கியிருக்கு. கோபுரம் தெரியுற தெரு முழுக்க துளசி வாசனை.

சைக்கிளை ஓரமா சுவத்துல சாய்ச்சேன். ஷீட்டை உருவினேன். வெயில் பட்டு பைப்பு மின்னுச்சு பாருங்க, எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. நிஜமா சொல்றேன். நான் செஞ்ச ஒரு பொருள் முதல் தடவையா ஒரு ஊர்த் தெருவுல நிக்குது.

அதுல விரல் ரேகையா இருந்துச்சு. பைக்குள்ள ஒரு துண்டு வெச்சிருந்தேன். காவேரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவுல நுழைஞ்சு, ஒரு பக்கமா துடைச்சிக்கிட்டே போனேன். மறுமுனையில படக் கடை ஷட்டர் இன்னும் மூடியிருந்துச்சு. அங்க நின்னு நல்லா அழுத்தித் துடைச்சேன்.

திரும்பினா எனக்குப் பின்னாடி ஒரு அம்மா நிக்கிறாங்க. கையில வயர்கூடை. கூடைக்குள்ள செருப்பு.

"என்னங்கம்மா?"

"ஒண்ணுமில்ல கண்ணு, நீ மெதுவா போ. நான் பின்னாடிதான் இருக்கேன்."

அவங்களுக்குப் பின்னாடி புருஷன் பொண்டாட்டி ரெண்டு பிள்ளைங்க. அவங்களுக்குப் பின்னாடி மொட்டை போட்ட ஒருத்தர். அவருக்குப் பின்னாடி இன்னும் வந்துக்கிட்டே இருக்காங்க.

எனக்குச் சுரீர்னுச்சு. ஸ்ரீரங்கத்துல, கோயில் பக்கத்துல, இடுப்பு உயரத்துக்கு, வளைஞ்சு வளைஞ்சு போற எவர்சில்வர் கம்பி. அதுக்கு நடுவுல நிக்கிற முதல் ஆள் நான்!

"ஐயோ, இது வரிசை இல்லங்க. இது சைக்கிள் ஸ்டாண்டு."

வயர்கூடை அம்மா என்னைப் பரிதாபமா பாத்தாங்க. "சைக்கிளுக்கு யாராவது எவர்சில்வர்ல போடுவாங்களா கண்ணு?"

"இது கலைப்படைப்புங்க. இது காவேரி, அது கொள்ளிடம்."

"ஆமா ஆமா. ரெங்கநாதர் நடுவுலதான படுத்திருக்காரு." கன்னத்துல போட்டுக்கிட்டாங்க.

பொதுமக்கள்ல என் டிசைன் முழுசா புரிஞ்ச முதல் ஆள் அவங்கதான். சந்தோஷப்படக்கூட நேரம் இல்ல.

பின்னாடியிருந்து ஒரு குரல். "முன்னாடி என்ன பிரச்சனை? ஏன் நகர மாட்டேங்குது?"

இன்னொருத்தர், "இது இலவசமா, டிக்கெட்டா?"

"டிக்கெட் யாரும் கேக்கல. இலவசமாத்தான் இருக்கும்."

இலவசம்னதும் வரிசை தெரு முனை தாண்டிடுச்சு.

வெளியே வரணும்னா வந்த வழி அடைச்சாச்சு. ஷட்டர் பக்கம் ஒரு ஆள் புகுந்து வர்ற இடம்தான், அங்கயும் ஒருத்தர் பையை வெச்சு மறிச்சிட்டு நிக்கிறார். சேலையைச் சுருட்டிக்கிட்டு கொள்ளிடத்துக்கு அடியில குனிஞ்சு வெளிய வந்தேன்.

"பாருங்க பாருங்க, படிச்ச பொம்பளை மாதிரி இருந்துக்கிட்டு குறுக்க பூந்து போகுது!"

நான் வெளிய போறேன் சாமி, உள்ள இல்ல! யார் கேக்குறா?

நேரா சைக்கிள்கிட்ட ஓடினேன். ஹேண்டில்பார்ல நாலு பை தொங்குது. சீட்டுல ஒரு குழந்தை உக்காந்து முறுக்கு தின்னுது. "யாரோடதுங்க இது?"ன்னு கேட்டா, அந்தக் குழந்தையோட அப்பா, "தெரியலங்க, இங்க சும்மாதான் நின்னுச்சு"ங்குறார். பையை இறக்கி, குழந்தையை இறக்கி, சைக்கிளை உருட்டிட்டு வந்து ஒரு வளைவுல நுழைச்சேன்.

அவ்வளவுதான். தெருவே திரும்பிடுச்சு.

"ஏம்மா! ஜனங்க நிக்கிற இடத்துல சைக்கிளைக் கொண்டாந்து விடுறியே, அறிவு இருக்கா? எடும்மா!"

சைக்கிள் ஸ்டாண்டுல சைக்கிள் நிறுத்தினதுக்குத் திட்டு வாங்கின ஒரே ஆள் நானாத்தான் இருப்பேன். எனக்கு வந்துச்சே கோவம்! ஜனங்க மேல காட்ட முடியல. சைக்கிளை வெளிய உருவிட்டு சேகருக்குப் போன் போட்டேன்.

"சேகர், நான் முழங்கால் உயரம்தான வரைஞ்சு குடுத்தேன்? ஏன் இடுப்பு வரைக்கும் தூக்கினீங்க?"

"ஸ்ரீரங்கம்னு சொன்னீங்கல்லக்கா? நாங்க கோயில் கோயிலா க்யூ லைன்தான் பண்றோம். எல்லாமே இந்த உயரம்தான். நீங்க என்னவோ தப்பா வரைஞ்சிட்டீங்கன்னு நானே சரி பண்ணிட்டேன்."

"சைக்கிள் ஸ்டாண்டுன்னு மேல எழுதியிருந்தேனேப்பா!"

"அது வேற ஆர்டருக்கு எழுதின தலைப்புன்னு நெனச்சேன்க்கா."

போனை வெச்சிட்டேன்.

பத்தரை இருக்கும். ராஜகோபால் மாமா வந்தார். தன் கடை வாசல்ல நிக்கிற கூட்டத்தைப் பாத்து அப்படியே நின்னுட்டார். என்கிட்ட வந்து, "என்னம்மா பண்ணி வெச்சிருக்கே? கடைக்குள்ள நான் எப்படிப் போறது?"ன்னார். வரிசையில நின்னவங்களே, "வழி விடுங்க, பட்டர் வந்துட்டாரு"ன்னு அவருக்கு ஒதுங்கினாங்க.

"நான் பட்டர் இல்லைங்கோ!"

யாரும் காதுல வாங்கல. அவர் ஷட்டரைத் தூக்கினார்.

கடைக்குள்ள நடுவுல, ஆள் நீளத்துக்குப் பெருமாள் பள்ளிகொண்ட படம். விற்பனைக்கு இல்ல, அவர் அப்பா காலத்துப் படம். தினமும் கடை திறந்ததும் அதுக்கு மாலை சாத்தி, விளக்கேத்தி, கற்பூரம் காட்டுவார். அன்னிக்கும் காட்டினார். பழக்கதோஷத்துல மணியும் அடிச்சிட்டார்.

"நடை திறந்தாச்சு! ரங்கா! ரங்கா!"ன்னு வரிசையே கோஷம் போட்டுச்சு.

வரிசை நகர ஆரம்பிச்சுது. ஒவ்வொருத்தரா வந்தாங்க, கும்பிட்டாங்க, நகர்ந்தாங்க. மாமா கத்திப் பாத்தார். "இது கடைங்கோ! படம் விக்கிற கடை! கோயிலுக்கு அப்படிப் போகணும்!"

"கோயிலுக்கும் போறோம் சாமி. இவரும் அவருதான?"ன்னு போய்க்கிட்டே இருந்தாங்க. பாதிப் பேர் போகும்போது சின்னதா ஒரு படம் வாங்கிக்கிட்டாங்க. மாமா கத்துறது கொஞ்சம் கொஞ்சமா குறைஞ்சுது.

வயர்கூடை அம்மா படத்துக்கு முன்னாடி ரொம்ப நேரம் நின்னாங்க. வெளிய வந்து என் கையைப் புடிச்சாங்க. "போன வருஷம் உள்ள போனப்ப தள்ளுன தள்ளுல ஒண்ணும் பாக்கல கண்ணு. பாதத்தைப் பாக்குறதுக்குள்ள வெளிய வந்துட்டேன். இன்னிக்குத்தான் தலையிலேர்ந்து கால் வரைக்கும் நிம்மதியா பாத்தேன்."

"சந்தோஷம்மா"ன்னேன்.

சரியா பதினோரு மணிக்கு வரதன் சார் கமிட்டி ஆளுங்க ரெண்டு பேரோட வந்தார். ஸ்டாண்டுகிட்ட வர முடியல. "நாங்க கமிட்டிங்க"ன்னு சொல்லிப் பாத்தார். "கமிட்டியா இருந்தா என்ன, பின்னாடி போய் நில்லுங்க"ன்னுட்டாங்க. போய் நின்னாங்க.

நான் சைக்கிளைப் புடிச்சிக்கிட்டு எதிர்த்தாப்புல வேப்ப மரத்தடியில நின்னேன். போச்சு. சைக்கிளும் நிக்கல, மானமும் நிக்கல. ஸ்பேனரை எடுத்துட்டு வருவாங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்.

கமிட்டி வரிசையில நகர்ந்து நகர்ந்து கடை வாசலுக்கு வந்துச்சு. வரதன் சார் தன்னையறியாம கன்னத்துல போட்டுக்கிட்டார். அப்புறம் தொண்டையைச் செருமி, "ராஜகோபால், உம்ம புகார் நியாயம்தான். சைக்கிள் ஒண்ணுகூட இல்ல. நாளைக்கே கழட்டிடறோம்"னார்.

"எதைக் கழட்டுவேள்?" மாமா கல்லாவை விட்டு எழுந்து வெளிய வந்துட்டார். "கையை வெச்சுப் பாருங்கோ! இது இங்கதான் இருக்கும்! அந்தம்மா எவ்வளவு பக்தியோட பண்ணியிருக்கா! அவ பேரை நானே என் செலவுல பொறிச்சு வெக்கிறேன்!"

இருக்கும்! என் வேலை நிலைக்கப் போகுது! எனக்கு அழுகையே வந்துடுச்சு. வீட்டுக்குப் போற வழியெல்லாம் லோடு ஆட்டோ டிரைவர்கிட்ட கதை கதையா சொன்னேன். "சைக்கிள் நின்னுச்சா?"ன்னு மட்டும் கேட்டார்.

அடுத்த வாரம் வீட்டுக்காரரையும் கூட்டிக்கிட்டு என் பேரைப் பாக்கப் போனேன். மாமா சொன்ன வாக்கைக் காப்பாத்தியிருந்தார். பித்தளைப் பட்டயம், எழுத்தெல்லாம் எடுப்பா இருந்துச்சு.

"உபயம்: கல்பனா, புத்தூர்."

வீட்டுக்காரர் படிச்சிட்டு, "டியூப் லைட்டு வாங்கிக் குடுத்தவங்களுக்கும் இப்படித்தான் போடுவாங்க"ன்னார்.

நேத்து வரதன் சார் போன் பண்ணினார். "அம்மா, உங்க வரிசைக்கு வர்றவங்க சைக்கிளைக் கண்ட இடத்துல விட்டுட்டுப் போறாங்க, தெருவுல நடக்க முடியல. ஒரு சைக்கிள் ஸ்டாண்டு டிசைன் பண்ணித் தரீங்களா?"

முழங்கால் உயரம், மேல பெருசா ஒரு போர்டு, சேகர் கிடையாதுன்னு சொல்லியிருக்கேன்.