ஹாலைத் தாண்டி

நான்காவது வீட்டிலும் ஜென்சி, "ஆன்ட்டி, பாத்ரூம் எங்க இருக்கு?" என்று கேட்டதும் சாராள் அக்கா பாட்டுப் புத்தகத்தை மூடிவிட்டாள்.

"ஏய், வீட்ல போயிட்டு வரலியா?"

"போயிட்டுத்தான்க்கா வந்தேன்."

"அப்புறம்?"

"குளிர்க்கா," என்றாள் ஜென்சி. சேலையூரில் அந்த டிசம்பர் மாலையிலும் மின்விசிறி முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது.

விஷயம் வேறு. கோவிலம்பாக்கத்தில் அவளும் கணவன் மெர்வினும் வாங்கிய ஃப்ளாட் வெறும் வெள்ளைச் சுவர்களோடு காத்திருந்தது. ஜென்சியோ மொழிபெயர்ப்பு நாவல்களுக்குள்ளேயே குடியிருப்பவள். பனி பெய்யும் ஊரின் கணப்பு, நீலக் கதவு, ஜன்னலோரம் சாய்ந்து படிக்க ஒரு மெத்தைப் பலகை என்று அவள் காட்டிய படங்களைப் பார்த்து, இன்டீரியர் வேலை செய்யும் தனசிங் தலையைச் சொறிந்தார்.

"மேடம், ஹால்ல நெருப்பு மூட்டினா இந்த ஊர்ல நீங்க வெந்துடுவீங்க. நம்ம பக்கத்துல நாலு வீடு பார்த்துட்டு வந்து சொல்லுங்க. திங்கக்கிழமை பிளைவுட் அறுக்கணும்."

நாலு வீடு பார்ப்பது எப்படி? இந்தப் பக்கம் யாரும் விருந்தாளியை ஹாலைத் தாண்டி விடுவதில்லை. சோபா, டீ, மிக்சர், வாசல். அவ்வளவுதான். அந்த நேரம் பார்த்துச் சபையில் கேரல் ரவுண்ட்ஸுக்கு ஆள் சேர்த்தார்கள். கிறிஸ்மஸுக்கு முன்னால் பாடகர் குழு வேனில் ஏறி வீடு வீடாகப் போகும். இரண்டு பாட்டு, ஒரு ஜெபம், கேக். ஒரே மாலையில் எத்தனை வீடுகள்! ஜென்சிக்குப் பாட வராது. வாயசைக்க வரும்.

பாத்ரூமுக்குப் போகும் வழியில் படுக்கையறைகள் கண்ணில் படும். உள்ளே டைல்ஸ். கிச்சன் மட்டும்தான் அகப்படவில்லை. அதனால் அடுத்த வீட்டில், "நானே போய்த் தண்ணி குடிச்சிக்கறேன் ஆன்ட்டி," என்று எழுந்தாள். அதற்கடுத்த வீட்டிலும் எழுந்தாள்.

வேனில் ஏறியதும் சாராள் அக்கா அவள் கையைப் பிடித்தாள். "ஓயாம தாகம் எடுக்குது. ஓயாம பாத்ரூம் வருது. எங்க வீட்டுக்காரருக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது, ஜென்சி. சுகர்!"

"ஐயோ, சுகரெல்லாம் இல்லக்கா!"

"அவரும் இப்படித்தான் சொன்னாரு."

அடுத்த வீட்டில் கேக் வந்தபோது ஜென்சியின் தட்டை மட்டும் சாராள் அக்கா திருப்பி அனுப்பினாள். "இவளுக்கு ரஸ்க் இருந்தா குடுங்க."

இதை இப்படியே விட்டால் ஊரெல்லாம் சுகர்க்காரி என்றாகிவிடும். எனவே அதற்கடுத்த வீட்டில், எல்லோரும் பார்க்கும்படி ஜென்சி கேக்கை அடுத்தடுத்து விழுங்கினாள். மூன்றாவது துண்டு தொண்டையிலேயே நின்றது. வாயைப் பொத்திக்கொண்டு ஓடினாள். பாத்ரூம் எங்கே என்று இந்த முறை கேட்கக்கூட இல்லை.

திரும்பி வந்தபோது ஹாலே அவளைப் பார்த்துச் சிரித்தது.

"விசேஷமா?" என்றாள் சாராள் அக்கா. "முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா? நான் பாட்டுக்கு சுகர் கிகர்னு உளறிட்டேன்!"

இல்லை என்றால், பின்னே என்னதான் உனக்கு என்று கேட்பார்கள். ஜென்சி வெறுமனே புன்னகைத்தாள். அதுதான் தப்பாகப் போயிற்று.

கடைசி வீடு ராஜகீழ்ப்பாக்கத்தில், ஓய்வு பெற்ற தலைமையாசிரியை ஈவ்லின் அம்மாளுடையது. சில வருஷங்களுக்கு முன் மாற்றியமைத்த அந்தக் கிச்சனைப் பற்றி இன்னும் சபை முழுக்கப் பேச்சு. கண்ணால் கண்டவர்தான் யாருமில்லை. விஷயம் கேள்விப்பட்ட அந்த அம்மாளே ஜென்சியைக் கைத்தாங்கலாக உள்ளே அழைத்துப் போய் உட்காரவைத்து, எலுமிச்சைச் சாறு பிழிந்து கொடுத்தாள். கடல் பச்சையில் அலமாரிகள். ஜன்னலோரம் ஒரு பலகை! கீரையும் ஆயலாம், நாவலும் படிக்கலாம். ஜென்சிக்குக் கண் கலங்கிவிட்டது. ஈவ்லின் அம்மாள் வேறு மாதிரி நினைத்துக்கொண்டு அவள் தலையைத் தடவினாள்.

ஹாலில் பாடகர் குழுத் தலைவர் சுவிசேஷமுத்து சார் உரத்த குரலில் ஜெபித்துக்கொண்டிருந்தார். "எங்கள் சகோதரி ஜென்சிக்கு நீர் அருளிய கர்ப்பத்தின் கனிக்காக ஸ்தோத்திரம்!"

வேன் கிளம்புவதற்குள் தெற்கே நாசரேத்திலிருந்து மாமியாரின் போன். அவரும் ஈவ்லின் அம்மாளும் ஒரே ஹாஸ்டலில் இருந்து படித்தவர்கள் என்பது ஜென்சிக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"ஏம்மா, எனக்குச் சொல்லணும்னு தோணலியா? சரி, போகட்டும். நாளைக்கே ரயில் ஏறுதேன். நீ குனிஞ்சு ஒரு வேலை பாக்கக் கூடாது, கேட்டியா?" குரல் தழுதழுத்தது.

அந்தக் குரலை ஏமாற்ற ஜென்சிக்கு மனம் வரவில்லை. வேனில் எல்லோருடைய காதும் அவள் பக்கமே இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும்.

"அத்தை... விசேஷம் எதுவும் இல்ல. நான் கேரலுக்கு வந்ததே மத்தவங்க வீட்டுக்குள்ள பார்க்கத்தான். டைல்ஸு, அலமாரி, கிச்சன். அதுக்குத்தான் பாத்ரூம் கேட்டேன், தண்ணி கேட்டேன். கேக் மட்டும் நிஜமாவே ஒத்துக்கல. மன்னிச்சிடுங்க."

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. "சிங்க்கை ஜன்னல் பக்கமா வைக்கச் சொல்லு. வெயில் பட்டாத்தான் ஈரம் காயும்." போன் வைக்கப்பட்டது.

அப்பாடா என்றிருந்தது ஜென்சிக்கு. அதற்குப் பிறகுதான் தலை நிமிர்ந்து வேனுக்குள் பார்த்தாள். சுவிசேஷமுத்து சார் கண்ணாடியைக் கழற்றி வெகு கவனமாகத் துடைத்தார். ஞாயிற்றுக்கிழமை சபையில் எழுப்பி நிற்கவைப்பாரோ? மெர்வின் முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வான்?

"சாரி சார். நான் இனிமே வரல. எனக்குப் பாடவே தெரியாது."

முன்சீட்டில் கிறிஸ்மஸ் தாத்தா வேஷத்தில் ஆடிக் களைத்துக் கிடந்த பென்னி, முகமூடியை நெற்றிக்கு மேல் தள்ளிவிட்டுத் திரும்பினான்.

"எங்களுக்கு மட்டும் தெரியுமாக்கா? அந்தக் கிச்சன் எப்படி இருந்துச்சுன்னு முதல்ல சொல்லுங்க. அதைப் பார்க்கத்தான் சார் இத்தனை வருஷமா இந்தக் குழுவையே நடத்துறாரு!"